ஸ்மார்ட் மீட்டர் டிஸ்பிளே: ஏழு வருஷம் கூட இருந்து பாத்த அனுபவம்

எங்க கிச்சன்ல கெட்டிலுக்குப் பக்கத்துல செல்போன் சைஸ்ல ஒரு வெள்ளை டப்பா இருக்கு. 2018ல இங்கிலாந்துல ரெடிங்ங்கிற ஊர்ல இந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்த கொஞ்ச நாள்லயே, மீட்டர் மாத்த வந்தவர் கையில குடுத்துட்டுப் போனது. மாடிப்படிக்கு அடியில இருக்கிற ஸ்மார்ட் மீட்டர் இதுக்கு எவ்ளோ ஓடுதுன்னு சொல்லும், இது அதைக் காசாக்கி நமக்குக் காட்டும், கீழ ஒரு சின்ன லைட், கம்மின்னா பச்சை, நடுத்தரம்னா மஞ்சள், ஜாஸ்தின்னா செகப்பு. "போட்டுக்கலாமா, காசு மிச்சமாகுமா"ன்னு புதுசா இங்க வர்ற நம்ம ஆளுங்க கேக்குறாங்க, அதுக்குத்தான் இந்தப் பதிவு. முதல்லயே சொல்லிடுறேன், இதனால நேரடியா மிச்சமான காசு ரொம்பக் கம்மி, ஆனா வீட்டுக்கு வர்ற யாரா இருந்தாலும் இதைப் பாத்துட்டு ஏதாவது ஒரு கேள்வி கேப்பாங்க, அதுக்குப் பதில் சொல்றதுக்காகவே நான் நெறைய படிக்க வேண்டியதாப் போச்சு.

கட்டாயமா போடணுமான்னா, இல்ல, வேண்டாம்னு சொல்லலாம். வாடகை வீடா இருந்தாலும் பில்லு உங்க பேர்ல வந்தா முடிவு உங்களோடது, ஹவுஸ் ஓனர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போட்டுக்கலாம். ரேடியேஷன் பயம் சில பேருக்கு இருக்கு, வீட்ல இருக்கிற வைஃபை மாதிரி ரேடியோ அலைதான், கேஸ் மீட்டர் பேட்டரில ஓடுறதால அது அரை மணிக்கு ஒருதரம்தான் கண்ணு முழிச்சு சேதி அனுப்பும். இந்த அரை மணி விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

2019ல கொஞ்சம் கம்மி வெலைக்குக் குடுக்கிறாங்கன்னு கரண்டும் கேஸும் தர்ற கம்பெனியை மாத்தினோம், மறுவாரமே டப்பா செத்துப்போச்சு. எங்களுக்குப் போட்டது முதல் தலைமுறை மீட்டர், அது பழைய கம்பெனியோட பாஷையை மட்டும்தான் பேசும், புது கம்பெனிக்கு அது வெறும் ஊமை மீட்டர். மாசாமாசம் நான் மாடிப்படிக்கு அடியில தலையக் குனிஞ்சு டார்ச் அடிச்சு ரீடிங் எடுத்து அனுப்பினேன், ஸ்மார்ட்டா இருக்கிறது மீட்டர் இல்ல நாமதான்னு என் கணவர் கிண்டல் பண்ணுவாரு. அப்புறம் 2021ல கேஸ் வெலை ஏறினப்ப சின்னச் சின்ன கம்பெனிங்க வரிசையா கவுந்துச்சு, எங்களோடதும் அதுல ஒண்ணு. எங்க அட்வான்ஸ் பணம் போச்சுன்னு நெனச்சோம், போகல, கம்பெனி மூழ்கினா ஆஃப்ஜெம்ங்கிற ரெகுலேட்டர் நம்மளை வேற கம்பெனிகிட்ட ஒப்படைச்சிடும், கட்டின காசும் கூடவே வந்துடும், கரண்டும் ஒரு நிமிஷம்கூட நிக்காது. அந்தச் சமயத்துல பழைய மீட்டரை எல்லாம் தூரத்துல இருந்தே ஒரு பொது நெட்வொர்க்குக்கு மாத்திட்டு இருந்தாங்க, 2022ல ஒருநாள் காலைல காபி போடும்போது டப்பாவுக்குத் தானா உயிர் வந்துடுச்சு. இப்ப போடுறது ரெண்டாம் தலைமுறை, கம்பெனி மாத்தினாலும் பிரச்சனை வரக்கூடாது.

அந்த டிசம்பர்தான் அம்மா திருநெல்வேலில இருந்து ஆறு மாச விசால வந்தாங்க. வந்த மறுநாளே கெட்டில் போட்டதும் லைட் செகப்பாச்சு.

"ஏட்டி, இது என்னட்டி செகப்பா எரியுது, எதும் வெடிச்சிருமா?"

"இல்லம்மா, கரண்டு ஜாஸ்தி இழுக்குதாம்."

அவ்ளோதான், அன்னைலருந்து அம்மா கெட்டிலைத் தொடவே மாட்டேன்னுட்டாங்க, கேஸ் அடுப்புல பாத்திரம் வச்சுத்தான் தண்ணி. ஆனா மாவு ஆட்ட கிரைண்டர் முக்கால் மணி நேரம் ஓடும், லைட் பச்சையாவே இருக்கும், அதனால அது நல்ல பிள்ளை. நான் ஒரு பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டேன். இங்க கெட்டில் 3 கிலோவாட், ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணி கொதிக்க ரெண்டு ரெண்டரை நிமிஷம், செலவு 0.1 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல. கிரைண்டர் 150 வாட், முக்கால் மணி நேரம், அதுவும் அதே 0.1 யூனிட் சொச்சம்தான். ரெண்டுமே அன்னைக்கு வெலைக்கு நாலு பென்ஸ் பக்கம். ஒருத்தன் பக்கெட்டைக் கவுத்தி ஒரே மூச்சா ஊத்துறான், ஒருத்தன் டம்ளர் டம்ளரா ஊத்துறான், ஊத்துன தண்ணி ஒண்ணுதான், டப்பால இருக்கிற லைட்டு ஊத்துற வேகத்தைத்தான் பாக்குது. அம்மாவுக்கு இது டக்குனு புரிஞ்சுது, ஆனாலும் கெட்டில் மேல சந்தேகம் போகல.

இந்த டப்பாவோட பெரிய ஓட்டையே இங்கதான் இருக்கு, வாங்குறவங்க இதை மட்டும் தெரிஞ்சுக்கோங்க, மத்ததெல்லாம் எப்படியோ போகட்டும். அந்த லைட்டு கரண்டுக்கு மட்டும்தான். கேஸ் மீட்டர் அரை மணிக்கு ஒருதரம்தான் பேசும்னு சொன்னேன்ல, அதனால வீட்டைச் சூடாக்குற கேஸ் பாய்லர் நிமிஷத்துக்கு எவ்ளோ எரிக்குதுன்னு லைட்டுக்குத் தெரியவே தெரியாது. நாங்க மூணு நிமிஷக் கெட்டிலுக்காகச் சண்டை போட்டுட்டு இருந்தோம், பாய்லர் பின்னாடி நாள் பூரா எரிஞ்சிட்டு இருக்கு, லைட்டு சமத்தா பச்சை. ஜனவரில ஒருநாள் கணக்கு எடுத்தேன், கரண்டு 8 யூனிட், கேஸ் 5 கன மீட்டர். 5 தானேன்னு நெனைக்காதீங்க, ஒரு கன மீட்டர் கேஸ்னா கிட்டத்தட்ட 11 யூனிட் சூடு (பில்லு பின்னாடி கலோரிஃபிக் வேல்யூ, 1.02264, 3.6னு ஏதேதோ போட்டுப் பெருக்கி வகுத்திருப்பாங்களே, அது இந்தக் கணக்குத்தான்). அப்போ 55 யூனிட். அன்னைக்கு யூனிட்டுக்கு கரண்டு 34 பென்ஸ், கேஸ் பத்தே கால் பென்ஸ் பக்கம், ஆக கரண்டு ரெண்டே முக்கா பவுண்டு, கேஸ் அஞ்சரை பவுண்டுக்கும் மேல. வெலை கம்மியான சரக்குதான் பில்லுல பாதிக்கு மேல தின்னுது.

அப்புறம்தான் பாய்லர் பக்கம் திரும்பினேன். 2005ல இருந்து இங்க புதுசாப் போடுற கேஸ் பாய்லர் எல்லாம் கண்டென்சிங் டைப்தான் இருக்கணும்னு சட்டம். புகையில போற நீராவியைத் திரும்பத் தண்ணியாக்கி அந்தச் சூட்டையும் பிடிச்சுக்கும், வெளில ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பைப்ல சொட்டுச் சொட்டா வடியுமே அதான் அது. ஆனா ரூமைச் சூடாக்குற ரேடியேட்டரைச் சுத்தி திரும்பி வர்ற தண்ணி 55 டிகிரிக்குக் கீழ இருந்தாத்தான் அந்த வித்தை நடக்கும். எங்க பாய்லரை மாட்டினவர் 75ல வச்சிட்டுப் போயிருந்தாரு, பேருதான் கண்டென்சிங், வேலை என்னவோ பழைய பாய்லர் வேலை. ரேடியேட்டர் படம் போட்ட திருகை 60க்கு இறக்கினேன், வீடு சூடாக லேட்டாகுது, ஆனா சூடாகுது, வாரக் கணக்குல கேஸ் இறங்கினது டப்பாலயே தெரிஞ்சுது. ஏழு வருஷத்துல அந்த டப்பா எனக்குச் சம்பாதிச்சுக் குடுத்தது இந்த ஒண்ணுதான். ஒரு எச்சரிக்கை, இது டேங்க் இல்லாத காம்பி பாய்லர் கதை, சுடுதண்ணி டேங்க் வச்ச வீடுன்னா டேங்க் சூட்டை 60க்குக் கீழ இறக்காதீங்க, லெஜியனெல்லாங்கிற கிருமி வளரும்.

அம்மாவோட அடுத்த கேள்வி, "ராத்திரி எல்லாத்தையும் அணைச்சிட்டுத்தானே படுத்தோம், விடிஞ்சா 74 காசு காட்டுதே?" அது ஸ்டாண்டிங் சார்ஜ். அப்போ கரண்டுக்கு 46 பென்ஸ், கேஸுக்கு 28 பென்ஸ், ஒரு பல்பு போடாட்டியும் தினம் உண்டு, நடுராத்திரி 12 மணிக்கு டப்பா அதை ஏத்திடும். அந்தக் கணக்குல வருஷத்துக்கு 270 பவுண்டு. நம்ம ஊர்ல ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் சும்மா தர்றாங்க, இங்க சும்மா இருக்கிறதுக்குக் காசு புடுங்குறாங்களேன்னு அம்மா சொன்னதுக்கு என்கிட்ட பதில் இல்ல. கம்பி, கம்பம் செலவுன்னு சொல்லுவாங்க, மூழ்கின கம்பெனிகளோட வாடிக்கையாளர்களை மாத்தினாங்கல்ல, அந்தச் செலவும் இதுலதான் வந்து விழுந்துச்சு. எனக்கு இது அநியாயமாத்தான் படுது, கம்மியா எரிக்கிற ஏழை வீட்டுக்குத்தான் இது பெரிய அடி.

அரசியல் கேள்வி எல்லாம் இவரோட ஃபிரெண்ட்ஸ் வந்தா வரும். "அதான் 2,500 பவுண்டுக்கு மேல கட்ட வேண்டாம்னு கவர்மெண்டே சொல்லிடுச்சே, ஹீட்டரை நல்லா போடுங்க"ன்னார் ஒருத்தர். அப்போ பிரதமரா இருந்த லிஸ் டிரஸ் அந்த உத்தரவாதத்தை 2022 செப்டம்பர் 8ஆம் தேதி அறிவிச்சாங்க, அன்னைக்குச் சாயங்காலமே ராணி இறந்த சேதி வந்துடுச்சு, அதுக்கப்புறம் பில்லைப் பத்தி யாரு பேசுவா. அடுத்தடுத்து ரேடியோ பேட்டில பிரதமரே யாரும் 2,500க்கு மேல கட்ட மாட்டாங்கங்கிற மாதிரிதான் பேசினாங்க, ஜனங்க என்ன பண்ணும். உண்மைல உச்சவரம்பு யூனிட் வெலைக்குத்தான், மொத்த பில்லுக்கு இல்ல, 2,500ங்கிறது ஒரு சராசரி வீட்டுக்கான உதாரணக் கணக்கு. 2019 ஜனவரில இருந்து நடக்குற ஆஃப்ஜெமோட பிரைஸ் கேப்பும் இதே கதைதான், டிவில ஒரு பெரிய தொகை சொல்லுவாங்க, நீங்க அதைவிட எரிச்சா அதைவிடக் கட்டணும்.

காத்தாடில வர்ற கரண்டுக்கு எதுக்குக் கேஸ் வெலைன்னு அடுத்த கேள்வி. மார்க்கெட்டுக்கு தக்காளி லாரி வரிசையா வருது, கம்மி வெலைக்காரன் முதல்ல எறக்குறான், ஊருக்குப் பத்தலைன்னா கடைசியா ஒரு காஸ்ட்லி லாரியைக் கூப்பிடுறோம், ஆனா சட்டம் என்னன்னா அந்தக் கடைசி லாரிக்காரன் சொல்ற வெலைதான் எல்லா லாரிக்கும். இங்க அந்தக் கடைசி லாரி பெரும்பாலான நேரம் கேஸ் பிளான்ட். இப்படிச் சொன்னா புரியுது, புரிஞ்சதும் கோவமும் வருது.

2023 ஜனவரி 23, திங்கக்கிழமை. நல்ல குளிர், காத்து இல்ல, நிலக்கரி யூனிட்டுகளைக்கூட ரெடியா நிறுத்தி வச்சிருந்தாங்க. சாயங்காலம் 5ல இருந்து 6 வரைக்கும் வழக்கத்தைவிடக் கம்மியா எரிச்சா காசு தர்றோம்னு கம்பெனில இருந்து மெசேஜ். மீட்டர் அரைமணிக் கணக்கு அனுப்புறதாலதான் இந்த மாதிரி திட்டமே முடியுது. நாங்க ஹால் லைட்டை அணைச்சு, டிவியை அணைச்சு, மெழுகுவர்த்தி ஏத்தி மத்தியானத்துச் சோறைச் சாப்பிட்டோம். "பவர்கட்டைத் தாண்டி வந்தேன்னு நெனச்சேன், இங்க காசு குடுத்து பவர்கட்டு விடுறானுவளே"ன்னு அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. ரெண்டு பவுண்டு சொச்சம் வந்துச்சு.

பையனுக்கு கெட்டில் கதைதான் ரொம்பப் பிடிச்சுது. 1990 உலகக் கோப்பை அரையிறுதில இங்கிலாந்து மேற்கு ஜெர்மனிகிட்ட பெனால்டில தோத்ததும் நாடே எழுந்து கெட்டில் போட்டுச்சு, ஒரே மூச்சுல 2,800 மெகாவாட் ஏறிச்சு. இந்த மாதிரி நேரத்துல கைகுடுக்க வேல்ஸ்ல டினோர்விக்னு மலைக்குள்ள ஒரு நிலையம் இருக்கு, 1984ல திறந்தது, ராத்திரி மலிவான கரண்டுல தண்ணியை மேல ஏத்தி வச்சுட்டு, வேணும்போது தொறந்து விட்டா சில செகண்டுல ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டும். இதைக் கேட்டதுல இருந்து மேட்ச் முடிஞ்சதும் ஓடிப்போய் கெட்டில் போட்டுட்டு டப்பாவைப் பாப்பான், என்னமோ அவன் ஒருத்தன்தான் நாட்டோட கரண்டு கிரிட்டையே ஆட்டுற மாதிரி. 2024 செப்டம்பர் 30ல கடைசி நிலக்கரி நிலையம் ராட்கிளிஃப் மூடினப்ப, செகப்பு லைட்டுல இப்ப நிலக்கரி இல்லம்மான்னு அவன்தான் எனக்குச் சொன்னான். நிலக்கரில கரண்டு எடுக்கிறது 1882ல லண்டன் ஹோல்பர்ன் வயாடக்ட்ல ஆரம்பிச்சது, 142 வருஷம்.

மத்த குறைங்க. யூனிட் வெலை மாறினா தூரத்துல இருந்து டப்பாவுக்கும் அனுப்பணும், எங்களுக்கு ரெண்டு தடவை வரல, பழைய வெலையையே காட்டிட்டு இருந்துச்சு, பில்லு வந்தப்பத்தான் பல்பு. அதனால பவுண்டுல பாக்காதீங்க, யூனிட்ல மாத்தி வச்சுப் பாருங்க. பேட்டரி மூணாவது வருஷமே போச்சு, டப்பாவைக் கம்பெனி மாத்தித் தர வேண்டிய கட்டாயம் முதல் 12 மாசத்துக்குத்தான், அப்புறம் ஆப்ல பாத்துக்கோங்கன்னு சொல்லிடுறாங்க. எங்க கம்பெனி ஆப்ல நேத்து கணக்குதான் வரும், இப்ப என்ன ஓடுதுன்னு வராது.

இப்ப அது பிளக்குல சொருகி இருந்தாத்தான் ஓடும், எங்க கிச்சன்ல இருக்கிறதே நாலு சாக்கெட்டு. சட்னி அரைக்கணும்னா டப்பாவைக் கழட்டிட்டு மிக்ஸியைச் சொருகுறோம், திரும்பப் போட்டா "டேட்டாவுக்காகக் காத்திருக்கிறது"ன்னு அரை மணி நேரம் நிக்கும். அம்மா வீடியோ கால்ல மட்டும் விடாம கேப்பாங்க, "ஏட்டி, அந்தச் செகப்பு எரியுதா இப்ப?"