துரு ஒளிந்திருக்கும் இடம்: மஸ்டாங், கொர்வெட், கமாரோ சீரமைப்பு ஒப்பீடு

1960களின் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கூபே ஒன்றை வாங்கிச் சீரமைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் எஞ்சினைப் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறார்கள். உண்மையில் அது பெரிய கவலைக்குரிய பகுதியே அல்ல. ஃபோர்டின் 289 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினும் ஷெவர்லேயின் 327 கன அங்குல எஞ்சினும் ஏராளமாக வெளிவந்தவை; பிஸ்டன் வளையத்திலிருந்து கேம்ஷாஃப்ட் வரை எல்லாம் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. பணத்தையும் ஆண்டுகளையும் விழுங்குவது வண்டியின் கூடுதான். ஆகவே ஃபோர்டின் 1965–66 மஸ்டாங், ஷெவர்லேயின் 1963–67 கொர்வெட் ஸ்டிங் ரே, அதே ஷெவர்லேயின் 1967–69 கமாரோ ஆகிய மூன்றையும் ஒப்பிடும் இந்த அலசலில், துரு எங்கே பிடிக்கிறது, பிடித்தது கண்ணுக்குத் தெரிகிறதா, அதை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைக்க ஓரளவு கைப்பழக்கம் உள்ளவரால் முடியுமா என்ற கேள்விகளுக்கே அதிக இடம் தந்திருக்கிறேன்.

மஸ்டாங் 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் 2,368 டாலர் தொடக்க விலையில் அறிமுகமானது. இரண்டே ஆண்டுகளில் பத்து லட்சம் வண்டிகள் விற்றன. ஃபால்கன் என்ற சிக்கனக் காரின் அடிப்பாகத்தின் மீது எழுப்பப்பட்ட இந்த வண்டிக்குத் தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. தகடுகளைப் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்து இணைத்த ஒரே கூடுதான் எல்லாச் சுமையையும் தாங்குகிறது. விலை குறைவாக இருந்ததற்கு இந்த எளிமையே காரணம். அறுபது ஆண்டுகள் கழித்து வரும் வேதனைக்கும் அதுவே காரணம்.

மஸ்டாங் வாங்கப் போகிறவர் பார்க்க வேண்டிய முதல் இடம், முன்கண்ணாடிக்குக் கீழே, வெளிக்காற்று உள்ளே வருவதற்காக இரட்டைத் தகட்டில் அமைத்திருக்கும் பெட்டி. மேல்தகட்டின் துளைகள் வழியாக மழைநீரும் இலைச் சருகும் இதற்குள் விழும். தண்ணீர் ஓரங்களில் வடிந்து வெளியேற வேண்டும். காற்று மட்டும் உள்ளே போகும்படி இருபுறமும் உயரமான குழாய்விளிம்பு உண்டு. சருகு அடைத்துக்கொண்டால் ஈரம் அங்கேயே தங்கி அந்த விளிம்பைத் தின்னும், பிறகு ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் நேராகத் தரைவிரிப்பின் அடியில் இறங்கும், தரைத்தகடும் போய்விடும். விற்பவர் புத்தம்புதுத் தரைவிரிப்பு போட்டிருந்தால் மகிழ்ச்சியடைவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரை அந்தத் துளைகளில் ஊற்றி, டேஷ்போர்டுக்குக் கீழே கைவிளக்கோடு பார்த்துவிடுவது நல்லது. அனுமதிக்காத விற்பனையாளர் பதில் சொல்லிவிட்டார் என்றே கொள்ளலாம். இதைச் சரிசெய்ய முன்மட்கார்டுகளையும் பானெட்டையும் கழற்றி, மேல்தகட்டின் பற்றவைப்புப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டுப் பிரிக்க வேண்டும். பிளாஸ்டிக் மூடியை ஒட்டிச் சமாளிப்பவர்களும் உண்டு. அது தற்காலிக ஒட்டுத்தான்.

மற்ற இடங்கள் இந்த அளவு மர்மமானவை அல்ல. பாட்டரி அமிலம் வடிந்து வலப்பக்க முன்தகடு அரித்திருக்கும். சஸ்பென்ஷன் சுமையைத் தாங்கும் முன்கோபுரங்களில் விரிசல் இருக்கலாம். பெட்ரோல் டாங்கின் மேல்பகுதியே டிக்கியின் தரையாகவும் இருப்பதால், டிக்கிக்குள் கசியும் நீர் நேரே டாங்கின் மீது தேங்கும். ஆனால் இவை எல்லாமே தெரியும் துரு. வண்டியைத் தூக்கி நிறுத்தி ஒரு திருப்புளியால் தட்டிப் பார்த்தால் அரை மணி நேரத்தில் நிலவரம் தெரிந்துவிடும். தரைத்தகடு, முன்சட்டம், கதவுக்குக் கீழான பெட்டிச்சட்டம் என ஏறத்தாழ ஒவ்வொரு தகடும் மறுதயாரிப்பில் கிடைக்கிறது. வெல்டிங் கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை என்பது என் எண்ணம்.

கொர்வெட் முற்றிலும் வேறு சாதி. 1963 முதல் 1967 வரையான ஐந்து மாதிரி ஆண்டுகளிலும் சேர்த்து வெளிவந்தவை 1,17,964 வண்டிகள்தாம். எல்லாம் செயின்ட் லூயிஸ் ஆலையில் உருவானவை. வெளிக்கூடு கண்ணாடியிழை, அது துருப்பிடிக்காது. இந்த ஒரு வாக்கியத்தை நம்பிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் ஏராளம். கண்ணாடியிழைக்கு அடியில், முன்கண்ணாடித் தூண்கள், கதவுக் கீல்கள், கூரை விளிம்பு ஆகியவற்றைத் தாங்கும் எஃகுக் கட்டமைப்பு ஒன்று இருக்கிறது. இதைப் பறவைக்கூண்டு என்றே அழைக்கிறார்கள். அதற்கும் கீழே முழு எஃகுச் சேஸிஸ். முன்கண்ணாடியின் கீழ்மூலைகளில் கசியும் தண்ணீர் இந்தக் கூண்டுக்குள் இறங்கி, அடிப்பகுதியில் தேங்கி, உள்ளிருந்து வெளியாகத் தின்னும். சேஸிஸோ பின்சக்கரங்களுக்குச் சற்று முன்னால் மேலே வளையும் இடத்தில் சேறும், பனியைக் கரைக்கச் சாலையில் தூவும் உப்பும் சேர்ந்து அரிக்கும். வெளியில் பெயிண்ட் பளபளக்கும். கதவு மட்டும் சாத்தும்போது லேசாகத் தொங்கும். அந்தத் தொங்கலைக் கீல் தேய்மானம் என்று விற்பவர் சொல்வார். கால்வைக்கும் இடத்துப் பக்கவாட்டுப் பலகையைக் கழற்றி உள்ளே பார்க்காமல் அதை நம்பக் கூடாது.

இந்தக் கூண்டைச் சரிசெய்வது மஸ்டாங்கின் தரையை மாற்றுவதைப் போன்ற வேலை அல்ல. கண்ணாடியிழைத் தகடுகள் ஒட்டுப்பட்டைகளால் கூண்டோடு பிணைந்திருப்பதால், பற்றவைப்பின் வெப்பம் அவற்றைக் கெடுக்காமல் காக்க வேண்டும்; சில இடங்களில் தகட்டையே பிரித்தெடுக்க வேண்டும். கூட்டைச் சேஸிஸிலிருந்து தூக்குவதாக இருந்தால், இரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு தாங்கியிலும் எத்தனை ஷிம் தகடுகள் இருந்தன என்று குறித்துக்கொள்ளாமல் ஒரு போல்ட்டையும் தளர்த்தக் கூடாது. கதவு இடைவெளிகள் ஒழுங்காக அமைவது அந்த மெல்லிய தகடுகளின் கணக்கில்தான். இந்த வேலைக்குப் பொறுமையே முதல் கருவி.

கமாரோ இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. முன்கண்ணாடியிலிருந்து பின்னோக்கி மஸ்டாங்கைப் போல ஒரே கூடு. முன்னால் எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் சுமக்கும் தனிச்சட்டம், போல்ட்டால் பூட்டப்பட்டது. அந்தப் போல்ட்டுகளைச் சுற்றியுள்ள ரப்பர் நைந்துபோனால் வண்டி ஆடும். மாற்றினால் புதுவண்டி போல நிமிரும். பின்கண்ணாடியின் கீழ்விளிம்பிலும் பின்மட்கார்டின் அடியிலும் துரு பிடிக்கும். மஸ்டாங்குக்குக் கிடைப்பதைப் போலவே இதற்கும் தகடுகள் கிடைக்கின்றன. 1969 மாதிரிக்கு முழுக் கூடே புதிதாக வாங்கலாம். சீரமைப்பைப் பொறுத்தவரை இதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கில்லை. சிக்கல் தாள்களில் இருக்கிறது.

ஏனென்றால் விலையைத் தீர்மானிப்பது துருவுக்கு அடுத்தபடியாக, வண்டி ஆலையிலிருந்து எந்த எஞ்சினோடு எந்த வகையாக வெளிவந்தது என்பதற்கான பிறப்புச் சான்றுதான். மஸ்டாங்கின் வண்டி எண்ணில் (பதிவு எண் அல்ல, ஆலையே பொறித்த எண்) ஐந்தாவது எழுத்து எஞ்சினைச் சொல்லிவிடும். 1965–66 வண்டிகளில் ‘டி’ என்றால் 200 கன அங்குல ஆறு சிலிண்டர். ‘சி’ என்றால் இரட்டை வாய்க் கார்புரேட்டர் கொண்ட 200 குதிரைத்திறன் 289. ‘ஏ’ என்றால் நான்கு வாய், 225 குதிரைத்திறன். ‘கே’ என்றால் 271 குதிரைத்திறன் கொண்ட உயர்திறன் எஞ்சின். ஆறு சிலிண்டர் வண்டியைப் பிறப்பிலேயே ‘கே’ என்று சொல்லி விற்க ஒருவர் எண்ணையே மாற்ற வேண்டியிருக்கும். அது சட்டப்படி குற்றம். கொர்வெட், கமாரோ இரண்டின் எண்ணிலும் இப்படி எஞ்சின் எழுத்து அந்நாளில் இல்லை. அதனால்தான், 1967இல் வெறும் 602 மட்டுமே வெளிவந்த கமாரோ இசட்/28 போன்ற அரிய வகைக்குப் போலிகள் பெருகின. சாதாரண வி8 கமாரோவில் இசட்/28க்கு உரிய 302 கன அங்குல எஞ்சினைப் பொருத்தி, அதன் அடையாளக் கோடுகளை வரைந்தால் பார்வைக்கு வேறுபாடு தெரியாது.

கொர்வெட்டில் சான்று எஞ்சினின் மீதே இருக்கிறது. வலப்பக்கச் சிலிண்டர் தலைக்கு முன்னால் உள்ள சிறு மேடையில் வண்டி எண்ணின் பிற்பகுதியும், எஞ்சின் வகைக் குறியீடும் பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால் எஞ்சினைப் புதுப்பிக்கும்போது மேற்பரப்பை இழைத்தால் அந்தப் பொறிப்பு அழிந்துவிடும். அழிந்த இடத்தில் ‘திரும்பப் பொறித்து’ விற்பது ஒரு தனித்தொழிலாகவே வளர்ந்தது. ஆலையில் இழைத்தபோது பதிந்த நேர்த்தியான கீறல் வரிகள் எழுத்துகளுக்கு அடியில் தொடர்கின்றனவா என்று உருப்பெருக்கியோடு பார்ப்பது இதனால்தான். 1967 வண்டிகளில் பெட்ரோல் டாங்கின் மேல் ஒட்டப்பட்ட தயாரிப்புத் தாள் இன்னும் படிக்கும் நிலையில் இருந்தால் அது பொன்னுக்குச் சமம். 1974இல் தொடங்கிய தேசிய கொர்வெட் சீரமைப்பாளர் சங்கம் இப்படிப்பட்ட நுணுக்கங்களையே மதிப்பெண்ணிட்டு, 94 விழுக்காடோ அதற்கு மேலோ பெறுபவற்றுக்கு உயரிய விருது தருகிறது. இந்த ஆய்வு மனநிலை உள்ளவருக்கு கொர்வெட் ஒரு பெருவிருந்து. இல்லாதவருக்குத் தீராத தலைவலி.

இந்த மனநிலையின் எல்லைக்கு ஒரு சான்று சொல்ல வேண்டும். 1963 கொர்வெட் கூபேயின் பின்கண்ணாடி நடுவில் ஒரு பட்டையால் இரண்டாகப் பிரிந்திருந்தது. வடிவமைப்புத் தலைவர் பில் மிட்செலுக்கு அது மிகப் பிடித்தம். பின்பார்வையை மறைக்கிறது என்று பொறியாளர் ஸோரா ஆர்கஸ்-டன்டோவ் எதிர்த்தார். அடுத்த ஆண்டே அது நீக்கப்பட்டது. பழசாகத் தெரியக் கூடாது என்று சில உரிமையாளர்கள் தங்கள் 1963 வண்டியில் அந்தப் பட்டையை வெட்டியெறிந்து முழுக் கண்ணாடி போட்டார்கள். இன்றைக்கு அதே வண்டிகளில் பெரும் செலவில் பட்டையைத் திரும்ப ஒட்டுகிறார்கள்.

பெயிண்டில் ஃபோர்டு எனாமலையும் ஷெவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் அக்ரிலிக் லாக்கரையும் பயன்படுத்தின. மஸ்டாங்கின் தகட்டை மணல்வீச்சால் சுத்தம் செய்யும்போது அழுத்தம் மிகுந்தால் அகன்ற தகடு நெளிந்துவிடும். கொர்வெட்டிலோ, தவறான இரசாயனம் கண்ணாடியிழையின் பிசினையே ஊறவைத்து, ஆறு மாதம் கழித்துப் பெயிண்டின் அடியில் கொப்புளமாக எழும். சிலந்திவலை போன்ற விரிசலைப் பட்டி பூசி மறைத்தால் அது திரும்ப வரும். விரிசலின் அடிவரை தேய்த்து, புது இழை வைத்துப் பிசின் ஊற்ற வேண்டும்.

ஓட்டத்துக்கு வந்தால், மஸ்டாங்கின் பின்புறம் இரண்டு வில்பட்டைகளும் ஓர் உறுதியான அச்சும் மட்டுமே. கொர்வெட்டின் பின்சக்கரங்கள் தனித்தனியே இயங்குபவை. குறுக்கே கிடக்கும் ஒரே வில்பட்டை இரண்டையும் தாங்குகிறது. ஓட்டுவதற்கு அது அற்புதம். ஆனால் பின்சக்கரப் பேரிங்கைப் பிரிக்கத் தனிக் கருவி தேவை. திரும்பப் பூட்டும்போது இடைவெளியை அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு அளவுக்குள் ஷிம் வைத்துச் சரிப்படுத்த வேண்டும். இதை வீட்டில் செய்ய முயல வேண்டாம் என்றே சொல்வேன்.

பிரேக்கில் நிலைமை தலைகீழ். 1965 முதல் கொர்வெட்டின் நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் உண்டு; மஸ்டாங் பெரும்பாலும் டிரம். அதிலும் 1966 வரையான மஸ்டாங்கில் பிரேக் திரவத்தை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை கொண்டது. எங்கேனும் ஒரு குழாய் கிழிந்தால் நான்கு சக்கரங்களும் பிரேக்கை இழக்கும். அசல் மாறக் கூடாது என்று உறுதியாக நிற்பவர்களிடமும் நான் வலியுறுத்தும் ஒரே மாற்றம் இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர். கொர்வெட்டின் டிஸ்க் பிரேக்குக்கும் ஒரு குறை உண்டு: வண்டி ஓடாமல் நின்றால் பிரேக் திரவம் உறிஞ்சிய ஈரம் டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் வார்ப்பிரும்புக் காலிப்பரின் துளைகளை அரித்து, ரப்பர் சீல்கள் கசியத் தொடங்கும். துருப்பிடிக்காத எஃகு உறை பொருத்திய காலிப்பர்கள் இதற்கு நிலையான தீர்வு.

மின்சாரத்தில் கண்ணாடியிழை மீண்டும் குறுக்கிடுகிறது. மஸ்டாங்கில் கூடே எர்த். கொர்வெட்டில் விளக்குகளுக்கெல்லாம் தனி எர்த் கம்பி ஓட வேண்டும், அதன் முனை துருப்பிடித்தால் விளக்கு மங்கும். எஞ்சினின் தீப்பொறி இரைச்சலை ரேடியோவுக்குப் போகாமல் தடுக்க எஃகு பானெட்டும் இல்லாததால், டிஸ்ட்ரிப்யூட்டரின் மேல் உலோகக் கவசம் பூட்டினார்கள். பல உரிமையாளர்கள் அதைத் தொந்தரவு என்று கழற்றித் தூக்கியெறிந்தார்கள். இன்று அசல் கவசத்தைத் தேடி அலைகிறார்கள்.

அன்றாடப் பராமரிப்பில் மூன்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இந்த எஞ்சின்களின் கேம்ஷாஃப்டுக்குத் துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மம் உள்ள ஆயில் வேண்டும்; புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றிகளைக் காப்பதற்காக இன்றைய ஆயில்களில் அது குறைக்கப்பட்டுவிட்டது. வால்வு இருக்கைகளைத் தேயாமல் காத்த ஈயம் கலந்த பெட்ரோல் அமெரிக்கச் சாலைகளில் 1996 முதல் தடைசெய்யப்பட்டதால், சிலிண்டர் தலையைக் கழற்றும் சந்தர்ப்பத்தில் கடினப்படுத்திய வால்வு இருக்கைகளைப் பொருத்திவிடலாம். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் குழாய்கள் தாங்காது.

முதன்முறை சீரமைப்பில் இறங்குபவருக்கு என் தேர்வு ‘சி’ குறியீட்டு மஸ்டாங் கூபே. அதையும் மிச்சிகன், ஒஹையோ போன்ற உப்புச் சாலை மாநிலங்களில் தேடாமல், வெயிலில் இருக்கை வெடித்திருந்தாலும் தகடு கெடாத, வறண்ட அரிசோனா மாநில வண்டியாகத் தேட வேண்டும். இருக்கையைத் தைப்பது எளிது. கமாரோவை அதன் பெயருக்காக வாங்காமல், சாதாரண வி8 வண்டி என்று தெரிந்தே, அந்த விலைக்கே வாங்குபவர் ஏமாற மாட்டார். கொர்வெட்டைப் பொறுத்தவரை, சீரமைத்து முடித்ததைவிட, பெயிண்ட் மங்கி, கவசமும் தாள்களும் அப்படியே இருக்கும், ஒருவரும் தொடாத வண்டியையே நான் எடுப்பேன். அதற்கும் முன்னால் பக்கவாட்டுப் பலகையைக் கழற்றச் சொல்வேன்.