லேப்டாப் பேட்டரி: எஸ்.பி. ரோடா, சர்வீஸ் சென்டரா?

இரண்டு வருடம் முன்பு, பெங்களூரு அல்சூர் வீட்டில் கரண்ட் போனால் அடுத்த நிமிடமே என் லேப்டாப்பும் அணைந்துவிடும். நீங்களும் அந்த நிலையில் இருந்தால் முதலில் விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுங்கள். டிசைன் கெப்பாசிட்டி (புதிதில் பிடிக்க வேண்டிய சார்ஜ்) 42,000, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி (இப்போது பிடிக்கும் சார்ஜ்) 15,800 என்று வந்தது எனக்கு. செல்கள் தீர்ந்துவிட்டன என்று அர்த்தம். இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் சார்ஜர், சார்ஜிங் போர்ட் பக்கம் பாருங்கள்.

விலையில், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோடுதான் ஜெயிக்கும்: அப்போது அங்கே 1,900 ரூபாய், கம்பெனி சர்வீஸ் சென்டரில் 5,400. மாட்டுவது இரண்டு இடத்திலும் அரை மணி வேலை. "அதே செல்தான்ணா, ஸ்டிக்கர் மட்டும் வேற" என்றார் கடைக்காரர், வாங்கிவிட்டேன்.

ஐந்தாவது மாதம், ஆபீஸ் மீட்டிங் நடுவே, 36 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த திரை அப்படியே கறுத்துப்போனது. மறுபடி ரிப்போர்ட் எடுத்தால் ஃபுல் சார்ஜ் அன்றைக்கும் 42,000, வாங்கிய நாளிலிருந்து ஒரு எண் கூட இறங்கவில்லை! உபயோகத்தில் இருக்கும் லித்தியம் அயான் பேட்டரி அப்படி இருக்கவே முடியாது. உள்ளே போகிற வருகிற கரண்டை அளந்து மிச்சத்தைச் சொல்வது பேட்டரிக்குள் இருக்கும் சிப். அது செல்லின் உண்மை நிலையைச் சொல்லாவிட்டால் திரையில் தெரியும் சதவீதத்தை நம்பி எந்த வேலையும் செய்ய முடியாது. வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள், அதுவும் அதேபோல்தான். எனக்கு முடிவைத் தீர்மானித்தது இது ஒன்றுதான், விலை இல்லை.

இப்போது சர்வீஸ் சென்டரில் ஒரிஜினல் போட்டு 14 மாதம். எண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி 39,600-ல் நிற்கிறது, 20 சதவீதம் என்றால் நிஜமாகவே 20 சதவீதம். ஆனால் ஒரிஜினலிலும் தயாரிப்புத் தேதியைக் கேளுங்கள், பெட்டிக்குள் சும்மா கிடந்தாலும் இந்த பேட்டரிக்கு வயதாகும்.

பழைய பேட்டரியைப் பிரித்து செல் மட்டும் மாற்றும் வழியும் உண்டு. மச்சானின் பழைய மெஷினில் ஒருமுறை பார்த்ததோடு சரி, அதை வைத்து நல்லது கெட்டது சொல்ல மாட்டேன்.

உங்கள் மாடலுக்கு ஒரிஜினல் வருவது நின்றுவிட்டால் எஸ்.பி. ரோடுக்குத்தான் போக வேண்டும். அப்போது பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை இருக்கிறதா பாருங்கள், அப்புறம் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒருமுறை முழுதாக ஏற்றி 10 சதவீதம் வரை ஓட்டிப் பாருங்கள். டச்பேட் மேலே தூக்கியிருந்தால் மட்டும் விலை விசாரித்துக்கொண்டு நாள் கடத்தாதீர்கள், பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜ் போடாமல் அன்றைக்கே கழற்றக் கொடுங்கள்.