ஸ்பேனர் படாத போல்ட்: பழைய ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

இங்கிலாந்தில் ஒரு கார் பட்டறை கொடுத்த பில் என் கையில் இருக்கிறது. அதில் ஒரு வரி: ‘பெட்ரோல் டேங்கைக் கழற்றி, உள்ளே துருவை நீக்கி, பூச்சு பூசி, மீண்டும் பொருத்தியது. 480 பவுன்.’ அந்த டேங்கை யாரும் கழற்றவே இல்லை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதமும், மொத்தம் 1,510 பவுனும், திருச்சியிலிருந்து அப்பாவின் ஒரு தொலைபேசி அழைப்பும் தேவைப்பட்டன. இங்கிலாந்தில் பழைய கார் வைத்திருக்கும் தமிழர்கள் எண்ணிக்கையில் சிலர்தான். அந்தச் சிலராவது ஏமாறாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என்னுடையது 1972ஆம் ஆண்டின் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 4. இருவர் மட்டும் உட்காரும் திறந்த கார், 1,296 சிசி எஞ்சின், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் எஸ்யூ வகை கார்பரேட்டர் இரண்டு. இதை வாங்கியதற்குக் காரணம் அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வண்டலூரில் தொழிற்சாலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் தயாரித்த கார் அது. ஹெரால்டின் அடிச்சட்டத்தை (சேசிஸ்) குட்டையாக்கி, அதன் மேல் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர் வரைந்த உடலைப் பொருத்தியதுதான் ஸ்பிட்ஃபயர். ஹெரால்டின் உடலை வரைந்தவரும் அவரே. முன்பக்கம் முழுவதும் முதலை வாயைப் பிளப்பது போல ஒன்றாகத் திறந்து முன்னால் சாயும். முதன்முதலில் அதைத் திறந்தபோது எனக்கு எட்டு வயதாகிவிட்டது. ஏமாற்றுகிறவனுக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளன் கிடைப்பானா?

கோளாறு இதுதான். வீட்டிலிருந்து கிளம்பினால் கார் நன்றாக ஓடும். இருபது நிமிடம் ஆனதும், அதுவும் மேட்டில் ஏறும்போது, மூச்சு வாங்குவது போல இழுத்து இழுத்து நின்றுவிடும். பத்து நிமிடம் ஓரமாக நிறுத்திவைத்தால் ஒன்றுமே நடக்காதது போல மீண்டும் கிளம்பும். மறுபடி இருபது நிமிடம்.

பழைய ஆங்கிலக் கார்களுக்கென்றே நடக்கும் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். பெயர் சொல்லப்போவதில்லை. சுவர் முழுக்கப் பழைய எண்ணெய் விளம்பரத் தகடுகள், மேசையில் தேநீர், நிதானமாகப் பேசும் முதலாளி. அவர் காரைத் திறந்து பார்க்கும் முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது, வேப்பர் லாக், போதாக்குறைக்குக் கார்பரேட்டரும் தேய்ந்திருக்கிறது. அப்போது மார்ச் மாதம், காலையில் நான்கு டிகிரி. முதல் நாள் அந்தக் குளிரில்தான் கார் நின்றது என்றேன். சிரித்தபடி, “பழைய கார் என்றால் அப்படித்தான்” என்றார். இந்த வாக்கியத்தை அடுத்த நான்கு மாதத்தில் எத்தனை முறை கேட்டேன் என்பதற்குக் கணக்கில்லை. ஒரு மருத்துவமனையில் பிறர் அனுப்பும் பில்களை வரி வரியாகச் சரிபார்ப்பது என் பிழைப்பு. என் சொந்த பில்லை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

முதல் பில் 640 பவுன். இரண்டு கார்பரேட்டர்களுக்கும் புதிய ஸ்பிண்டில் (உள்ளே திரும்பும் அச்சு), புதிய புஷ் (அந்த அச்சைத் தாங்கும் வளையம்), புதிய ஊசி என்று எழுதியிருந்தது. கார்பரேட்டர்கள் முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்தன. நான் அந்தப் பளபளப்பைப் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அதே மேட்டில் கார் நின்றது.

அடுத்துதான் டேங்க் பில். இதற்கு அவர்கள் சொன்ன காரணம் நியாயமானது, அதனால்தான் நம்பினேன். 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரண பெட்ரோல் என்பது ஈ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் காரின் இரும்பு டேங்கில் அது துருவை வளர்க்கும். அந்தக் காலத்து ரப்பர் குழாய்களை உள்ளிருந்தே இளக்கி உதிர்க்கும். இவ்வளவும் உண்மை. (தமிழ்நாட்டில் இன்று பங்கில் கிடைப்பதோ இருபது சதவீதம் கலந்தது. அங்கே பழைய பத்மினி, ஹெரால்டு வைத்திருப்பவர்களும் ரப்பர் குழாய்களை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். கொழகொழப்பாகவோ வெடித்தோ இருந்தால் மாற்றிவிடுங்கள்.) ஆக, நோயைச் சரியாகச் சொன்னார்கள். மருந்து கொடுத்ததாக எழுதிக் காசை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். முதல் பில்லை கிரெடிட் கார்டில் கட்டியிருந்தேன். இந்த முறை கார்டு இயந்திரம் பழுது என்று வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன்.

கார் மறுபடி நின்றது. மூன்றாவது பில் 390 பவுன், மின்சார பெட்ரோல் பம்ப். அதுவும் வங்கிக் கணக்குக்குத்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற இரண்டிலும் போனது பணம் மட்டும். இதில் உயிரே போயிருக்கும். ஸ்பிட்ஃபயரின் சொந்த பம்ப் எஞ்சினின் பக்கவாட்டில் இருக்கும், எஞ்சினுக்குள் சுழலும் கேம்ஷாஃப்ட் என்ற தண்டு தள்ளத் தள்ள இயங்கும். எஞ்சின் நின்றால் பம்பும் நின்றுவிடும். எஸ்யூ கார்பரேட்டருக்கு மூன்று பிஎஸ்ஐக்கு (அழுத்தத்தை அளக்கும் அலகு) மேல் அழுத்தம் தேவையில்லை, அதைத்தான் அது தரும். இவர்கள் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்தத் துளையைத் தகட்டால் மூடி, அழுத்தம் கூடிய ஒரு மின்பம்பை எஞ்சின் பக்கத்திலேயே மாட்டியிருந்தார்கள். அவ்வகை பம்புகள் தள்ளுவதில் கெட்டி, இழுப்பதில் சோப்ளாங்கி; டேங்குக்கு அருகில், தாழ்வாக மாட்ட வேண்டும். அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் இல்லை. மோதினால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் இனர்ஷியா சுவிட்சும் இல்லை. சாவி திருப்பியிருக்கும் வரை, எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும், பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

காரைப் பட்டறையிலிருந்து எடுத்து வந்த அன்றே ஒரு சிக்னலில் நிற்கும்போது பெட்ரோல் நெடி தலையைப் பிளந்தது. ஓரங்கட்டி, முன்பக்கத்தைத் திறந்தேன். முன் கார்பரேட்டரின் மிதவைக் கிண்ணத்திலிருந்து (பெட்ரோல் வந்து தேங்கும் சிறு கிண்ணம்) வழியும் குழாயின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, பெருத்து, விழுந்தது. அடுத்த சொட்டு. இந்த எஞ்சினில் கார்பரேட்டரும் புகைபோக்கிக் குழாய்களும் ஒரே பக்கம், ஒன்றின் கீழ் ஒன்று. இரண்டு சொட்டுக்கு ஒன்று சூடான இரும்பில் பட்டு ‘சுர்ர்’ என்று ஆவியாகிப் போனது. சாவியை உருவிக்கொண்டு தெருவின் மறுபக்கத்துக்கு நடந்தேன். ஓடினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்று. நாற்பது வயதைக் கடந்த கார்களுக்கு, பெரிய மாற்றம் எதுவும் செய்யாதிருந்தால், இங்கே 2018 மே மாதத்திலிருந்து ஆண்டுதோறும் செய்யும் எம்ஓடி என்ற வாகனத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. வசதிதான். ஆனால் பட்டறைக்காரர் செய்த வேலையை மூன்றாம் மனிதர் ஒருவர் பார்க்கும் ஒரே வாய்ப்பும் அதோடு போய்விடுகிறது. விரும்பினால் நாமே காசு கொடுத்துச் சோதிக்கலாம். நான் செய்யவில்லை. நீங்கள் செய்யுங்கள்.

பட்டறைக்குத் தொலைபேசியில் சொன்னேன். பழைய பம்பைத் திருப்பித் தாருங்கள் என்றேன். குப்பையில் போட்டாயிற்று என்றார்கள். “பழைய கார் என்றால் கொஞ்சம் வாசனை இருக்கத்தான் செய்யும்.”

அன்று இரவு அப்பா அழைத்தார். கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, “ஏம்ப்பா, குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தாயா?” என்றார்.

“எந்தக் குழாயை அப்பா?”

“பம்புக்குள் வருகிற குழாயை. சைக்கிள் பம்பை வைத்து டேங்க் பக்கமாகக் காற்றடி. அடித்த பிறகு கார் ஒழுங்காக ஓடினால் குப்பை டேங்கில் இருக்கிறது. நான் எத்தனை முறை மணப்பாறை ரோட்டில் செய்திருக்கிறேன்! நீ பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருப்பாய்.”

மின்பம்பைக் கழற்றிவிட்டு, கை நெம்புகோல் உள்ள பழைய வகை பம்ப் ஒன்றை வாங்கி நானே மாட்டினேன். இரண்டு போல்ட் வேலைதான். மேட்டில் கார் நின்றதும், சூடு ஆறும்வரை காத்திருந்து, குழாயைக் கழற்றிச் சைக்கிள் பம்பால் காற்றடித்தேன். முதலில் கை இறங்கவில்லை. பிறகு ஏதோ விலகியது போல இளகி, பின்னால் டேங்குக்குள் ‘குளுக் குளுக்’ என்று குமிழி எழும் சத்தம் கேட்டது. கார் வீடு வரை நிற்காமல் ஓடியது. மறுவாரம் மறுபடி நின்றது, மறுபடி ஊதினேன், மறுபடி ஓடியது. எஞ்சின் இழுக்கும்போது துருச் செதில்கள் வந்து உறிஞ்சுகுழாயின் வாயை அடைக்கின்றன. எஞ்சின் நின்றதும் அவை மெல்ல விழுந்து கீழே படிகின்றன. பத்து நிமிட ஓய்வின் ரகசியம் அவ்வளவுதான்.

ஆனால் டேங்கைத்தான் 480 பவுனுக்குச் சுத்தம் செய்தாயிற்றே?

டிக்கியில் டேங்கை மறைக்கும் அட்டையைக் கழற்றினேன். டேங்கைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் சிலந்தி வலை. சிலந்தி ஒரே இரவில் வலை பின்னிவிடும் என்று நீங்கள் சொல்லலாம். சரி, வலையை விடுங்கள். போல்ட் தலையிலும் சுற்றியுள்ள தகட்டிலும் எப்போதோ ஒன்றாக அடித்த பெயிண்ட் ஒரு கீறல்கூட இல்லாமல் படர்ந்திருந்தது. ஸ்பேனர் வைத்திருந்தால் முதல் திருகிலேயே அந்த பெயிண்ட் பிளந்திருக்கும். தொடும் முன் எல்லாப் போல்ட்டுகளையும் படமெடுத்தேன். இந்தக் கதையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அது. பிறகு பெட்ரோலை இறக்கி, டேங்கைக் கழற்றி, அடியில் கிடந்ததை ஓர் ஊறுகாய் பாட்டிலில் ஊற்றினேன். கருப்பட்டிக் காபி நிறம், அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தேயிலைத்தூள் போன்ற துரு. பூச்சு என்ற பேச்சே இல்லை.

சந்தேகம் வந்துவிட்டால் விடுமா? கார்பரேட்டரின் த்ராட்டில் ஸ்பிண்டிலை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினேன். கடகடவென்று ஆடியது. புதிய ஸ்பிண்டிலும் புதிய புஷ்ஷும் அப்படி ஆடாது. 640 பவுனுக்கு நான் வாங்கியது பாலிஷ்.

டேங்கை இன்னொருவரிடம் கொடுத்து என் கண்முன்னே சுத்தம் செய்தேன். ரப்பர் குழாய்கள் முழுவதையும் எத்தனாலைத் தாங்கும் ஆர்9 ரகத்துக்கு மாற்றினேன். அந்தக் குறி குழாயின் மேலேயே அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். ஐந்து சதவீதம் வரை மட்டுமே எத்தனால் கலந்த, விலை கூடிய ஈ5 பெட்ரோலுக்கு மாறினேன். செலவு மொத்தம் 260 பவுன். அந்த மேட்டில் இப்போது கார் மூன்றாம் கியரிலேயே ஏறுகிறது.

பணத்தின் கதை பாதியில் நிற்கிறது. வேலையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம். அதைக் குறிப்பிட்டு, போல்ட் படங்களை இணைத்து, 14 நாளில் பதில் இல்லையென்றால் சிறு வழக்கு மன்றத்துக்குப் போவேன் என்று கடிதம் எழுதினேன். பன்னிரண்டாம் நாள் ‘நல்லெண்ண அடிப்படையில்’ 480 பவுன் திரும்பி வந்தது. மன்னிப்பு என்ற சொல் அந்தக் கடிதத்தில் எங்கும் இல்லை. மின்பம்பின் 390 பவுனுக்கு, ‘வாடிக்கையாளரே கழற்றிவிட்டதால் பொறுப்பேற்க இயலாது’ என்று பதில். அதை வழக்காகப் போடுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். பம்பைப் பையில் போட்டு முத்திரை வைத்திருக்கிறேன். கிரெடிட் கார்டில் கட்டிய 640 பவுனை மட்டும் பட்டறையிடம் கேட்கவில்லை. 100 பவுனுக்கு மேல் கார்டில் வாங்கினால் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு. வேறொரு மெக்கானிக் எழுதிக் கொடுத்த அறிக்கையோடு போன வாரம் அனுப்பினேன். கார்டு இயந்திரம் எப்படி இரண்டாம் பில் அன்று சரியாகப் பழுதானது என்பது இப்போது புரிகிறது.

ஊறுகாய் பாட்டில் சமையலறை அலமாரியில் இருக்கிறது. அதை வெளியே எடுத்துப் போடச் சொல்லி வீட்டில் சண்டை. வழக்கு முடியும்வரை முடியாது என்று சொல்லியிருக்கிறேன்.