பள்ளத்தில் ஒன்று, கோட்டையில் ஒன்று: டெல்லியில் போர் அருங்காட்சியகத்துக்கு எந்த இடம் சரி?

சில வருடங்களுக்கு முன் ஒரு பிப்ரவரியில், வேலூர்ப் பக்கத்திலிருந்து சித்தப்பா டெல்லிக்கு வந்திருந்தார். மதராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மயூர் விஹாரில் எங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் குதுப்மினார், அக்ஷர்தாம், ஆக்ரா, கடைசியில் கரோல் பாகில் துணிக்கடை என்று மாறாத ஒரு லிஸ்ட் உண்டு. சித்தப்பா அதைக் காதிலேயே வாங்கிக்கொள்ளவில்லை. "இந்தியா கேட்டு பக்கத்துல புதுசா கட்டினதைப் பார்க்கணும். அப்புறம் செங்கோட்டை. மத்ததெல்லாம் அடுத்த தடவை உங்க சித்தி வரும்போது காட்டு" என்று முடித்துவிட்டார்.

எனக்குக் கண்காட்சி வேலை. ஷோகேஸ், லைட்டிங், பேனல் மாட்டுவது. எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, கூட்டம் எங்கே தேங்கும் என்றுதான் கண் போகும். எங்கள் ஆட்கள் டீ குடிக்கும்போதெல்லாம் அடித்துக்கொள்ளும் ஒரு விஷயம் இருக்கிறது: பழமையான ஒரு நகரத்துக்குள் போர் நினைவு அருங்காட்சியகத்தை எப்படி நுழைப்பது? பூமிக்குள் இறங்கலாம். இருக்கிற பழைய கட்டடத்தில் குடியேறலாம். இல்லையென்றால் துணிந்து புதிதாக ஒன்றை எழுப்பலாம். முதல் இரண்டையும் சித்தப்பாவோடு அடுத்தடுத்த நாளில் பார்த்ததால் எனக்கு ஒரு முடிவு கிடைத்தது.

முதல் நாள் தேசியப் போர் நினைவிடம். அங்கே கட்ட வந்தவருக்கு இருந்த சிக்கலை முதலில் சொல்லிவிட வேண்டும். பக்கத்தில் 42 மீட்டர் உயர இந்தியா கேட். ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வரைந்து, 1931-ல் திறந்தது. அதன் அருகே உயரமாக எதை நிறுத்தினாலும் சண்டைக்கு நிற்பது போலிருக்கும். வடிவமைப்புப் போட்டியில் வென்ற, சென்னைக் கட்டடக்கலை நிறுவனமான வீபி டிசைன் லேபின் யோகேஷ் சந்திரஹாசன் அந்தச் சண்டைக்கே போகவில்லை. நினைவிடத்தைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கிவிட்டார். சுமார் 40 ஏக்கர், ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வட்டங்கள், நடுவில் 15.5 மீட்டர் தூண். சாலையில் போகிறவர் கண்ணுக்கு மரங்களும் தூணின் தலையும்தான் தெரியும். நம்ம ஊர் ஆள் வரைந்தது என்று சித்தப்பாவிடம் சொன்னேன். "அதான் சத்தம் போடாம இருக்கு" என்றார்.

இந்தியா கேட்டிலும் பெயர்கள் உண்டு, பதிமூன்றாயிரத்துக்கும் மேல். எல்லாம் முதல் உலகப் போரிலும், அதையொட்டி நடந்த ஆப்கான் போரிலும் பிரிட்டிஷ் இந்தியப் படைக்காகச் செத்தவர்களுடையவை. கழுத்து வலிக்க அண்ணாந்தாலும் பாதிக்கு மேல் படிக்க முடியாது. சுதந்திரத்துக்குப் பிறகு செத்தவர்களுக்கு அங்கே 1972-லிருந்து ஒரு சுடர் இருந்தது, பெயர் இல்லை. 2019-ல் திறந்த இந்த நினைவிடத்தின் தியாக சக்கரம் என்ற வட்டத்தில்தான் பெயர் வந்தது. திறந்தபோதே 25,942 பெயர்கள், கிரானைட் பலகைகளில், கைக்கு எட்டும் தூரத்தில்.

சித்தப்பா ஒரு பெயரைத் தேடினார். ஒரே செக்‌ஷனில் இருந்தவர், 1987-ல் இந்திய அமைதிப்படையோடு இலங்கைக்குப் போய் அங்கேயே செத்தவர். தேடுவது அத்தனை சுலபமில்லை, காரணம் நம்ம ஊர் இனிஷியல். அப்பா பெயர் முன்னால் வருமா, பின்னால் வருமா? 'ழ'வுக்கு எந்த ஸ்பெல்லிங் போட்டிருப்பார்கள்? பெயர் தெரியாத ஆளைத் தேடுவது போல ஒரு மணி நேரம் சுவரோடு சுவராக நடந்தோம். கிடைத்ததும் ஆள்காட்டி விரலை அந்த எழுத்துகளின் மேல் வைத்தார். வைத்தவர் எடுக்கவே இல்லை. பின்னால் ஒரு பஞ்சாபிக் குடும்பம் பேசாமல் காத்து நின்றது. ஒரு நினைவிடம் செய்ய வேண்டிய வேலையை அந்தக் கல் செய்துவிட்டது, சந்தேகமில்லை.

அப்புறம்தான் சித்தப்பா கேட்டார்: "பேரு சரி. இவன் எப்படிப் போனான்னு எங்கே எழுதியிருக்கு?"

அங்கே அது எழுதப்படவில்லை. வீரதா சக்கரம் என்ற இன்னொரு வட்டத்தில் ஆறு வெண்கலச் சிற்பங்கள் ஆறு மோதல்களைக் காட்டுகின்றன: 1948 தித்வால், 1962 ரெசாங் லா, 1971-ன் லோங்கேவாலா, கங்காசாகர், கடற்படையின் டிரைடென்ட், 1984-ல் சியாச்சினில் நடந்த மேக்தூத். யாழ்ப்பாணம் இல்லை. போர்க்கள வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரமவீர் சக்ரா பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகளில் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் இருக்கிறார். 1987 நவம்பரில் இலங்கையில் உயிர்விட்டவர். சித்தப்பா அந்தச் சிலைக்கு முன்னால் விறைப்பாக நின்று ஒரு சல்யூட் வைத்தார்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. கல்லில் பெயர் வெட்டும் இடத்தில் காரணம் பேச ஆரம்பித்தால் விவாதம் வந்துவிடும், விரல் வைத்து நிற்கிறவருக்கு இடைஞ்சல். ஆனால் விவாதம் வேண்டிய இடம் ஒன்று எங்காவது இருந்தாக வேண்டும். அதுதானே அருங்காட்சியகம். அதையும் இதே பள்ளத்துக்குள் தோண்டி வைத்தால் என்ன என்று எங்கள் ஆட்களில் சிலர் கேட்பார்கள். என் பதில் வெறும் தொழில்காரன் பதில். சீருடை, மெடல் ரிப்பன், கடிதம், இதெல்லாம் 50 லக்ஸ் என்கிற மங்கல் வெளிச்சத்துக்கு மேல் தாங்காது, ஈரம் ஆகவே ஆகாது. பெருமழையில் மின்டோ பாலத்தடியில் பஸ் முங்கியதை டிவியில் பார்த்த ஊர் இது. பூமிக்கடியில் துணியையும் காகிதத்தையும் வைத்தால், பம்ப்பும் ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் ராத்திரி பகலாக ஓட வேண்டும். கரன்ட் போகும் ஒரு ஜூலை இரவு போதும். கிரானைட்டுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை.

மறுநாள் செங்கோட்டை. சென்ட்ரல் செக்ரடேரியட்டில் ஏறினால் வயலட் லைன் நேராக லால் கிலாவில் கொண்டுபோய் விடும், வண்டி மாற வேண்டாம்.

கோட்டைக்குள் போருக்கு அருங்காட்சியகம் வைப்பது புது யோசனை இல்லை. அரசவைக்குப் போகும் வழியில் நிற்கும் நௌபத் கானா, அதாவது மேளம் கொட்டும் மாளிகை, அதன் மேல்தளத்தில் போர் நினைவு அருங்காட்சியகம் ஒன்றை வெகுகாலம் வைத்திருந்தார்கள். பாதுஷாவுக்கு வாத்தியம் வாசித்த இடத்தில் வாளும் கேடயமும். எனக்கு அது ஒட்டவே இல்லை. யாரோ ஒருவர் வீட்டுப் பூஜையறையில் நம் சாமானை அடுக்கிய மாதிரி.

அதே கோட்டைக்குள் நிற்கும் சிப்பாய்க் கொட்டடிகளான பாராக்குகள் வேறு கதை. 1857-க்குப் பிறகு ஆங்கிலேயர் கோட்டைக்குள் முகலாயர் கட்டியதில் பெரும்பகுதியை இடித்துத் தள்ளிவிட்டுத் தங்கள் சிப்பாய்களுக்கு இந்தக் கொட்டடிகளைக் கட்டினார்கள். ஷாஜகானின் பளிங்கு மண்டபங்களுக்குப் பக்கத்தில் அவை அசிங்கமாகத்தான் நிற்கின்றன. சுதந்திரத்துக்குப் பிறகு நம் ராணுவம் அங்கே இருந்தது, 2003 கடைசியில்தான் காலி செய்தது. இந்தப் பாராக்குகளையெல்லாம் இடித்துவிட்டு முகலாயத் தோட்டத்தை மீட்கலாம் என்று சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. 2019 ஜனவரியில் அதே பாராக்குகளில் கிராந்தி மந்திர் என்ற பெயரில் அருங்காட்சியகங்களைத் திறந்தார்கள்: 1857-க்கு ஒன்று, ஜாலியன்வாலா பாகுக்கும் முதல் உலகப் போருக்கும் ஒன்று, நேதாஜிக்கும் அவருடைய இந்திய தேசிய ராணுவமான ஐ.என்.ஏ.வுக்கும் ஒன்று.

இந்த அடுக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். வெள்ளைக்காரனுக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கியவர்கள் ஒரு கட்டடத்தில். அவனுக்காகப் பிரான்ஸ் போய்ச் செத்தவர்கள் இன்னொன்றில். பிறகு அவன் படையிலிருந்தே போய் அவனை எதிர்த்தவர்கள் அடுத்ததில். மூன்றும் அவனே கட்டிய கொட்டடி. 1945 நவம்பரில் ஐ.என்.ஏ. அதிகாரிகள் ஷா நவாஸ் கான், பிரேம் சாகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவரையும் இதே கோட்டைக்குள்தான் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அந்த பிரேம் சாகல்தான் பிற்பாடு நம்ம சென்னையில் படித்த கேப்டன் லட்சுமியைக் கட்டிக்கொண்டவர். ஐ.என்.ஏ.வில் மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பது நம் வீடுகளில் பாதிப் பேருக்குத் தெரியும். எந்த லேபிளும் எழுதாமலே அங்கே சுவர் கொஞ்சம் பேசிவிடுகிறது. புதுக் கட்டடத்தால் இது முடியாது.

தொழில் கணக்கிலும் பாராக்கு லாபம்தான். கனமான சுவர், உயரமான கூரை, வெயிலைத் தடுக்கும் தாழ்வாரம். டெல்லி மே மாதத்துக்காகவே யோசித்துக் கட்டியது. நேர்வெளிச்சம் உள்ளே வராது, எனக்குப் பாதி வேலை மிச்சம்.

சரி, தொல்லையே இல்லையா? நிறைய. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தின் சுவரில் இஷ்டத்துக்கு டிரில் போட முடியாது. பேனல், பெட்டி, ஒயர் எல்லாவற்றையும் சுவரைத் தொடாமல் தனியாக நிறுத்த வேண்டும். டாங்கியோ விமானமோ கதவுக்குள் நுழையாது. கோட்டை வாசலில் செக்யூரிட்டி வரிசை, பிறகு நடை, பிறகு படி. சித்தப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். போரைப் பற்றிய இடத்துக்கு வருகிறவர்களில் பாதி வயதானவர்களும் விதவைகளும் என்பதை எந்தப் பிளானும் முதல் பக்கத்தில் எழுதுவதில்லை. உட்கார ஒரு பெஞ்ச் வேண்டும், முதுகு சாய்க்கிற மாதிரி.

மூன்றாவது வழியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் டிரெஸ்டனில் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆயுதக் கிடங்கை டேனியல் லிபெஸ்கின்ட் இரும்பும் கண்ணாடியுமான ஒரு ஆப்பை வைத்துப் பிளந்தார். 2011-ல் அது ராணுவ அருங்காட்சியகமாக மறுபடி திறந்தது. 1945 பிப்ரவரியில் நகரத்தின் மேல் குண்டு விழ ஆரம்பித்த திசையை அந்த ஆப்பு காட்டுகிறது. படத்தில் பார்த்தே வயிற்றைப் பிசையும். தான் தொடங்கிய போரில் தானே எரிந்த நகரம் தன் கட்டடத்தை அப்படிக் கிழித்துக்கொள்ளலாம். செங்கோட்டையை ஏற்கெனவே வேறொருவன் வந்து கிழித்துவிட்டுப் போயிருக்கிறான், நாமும் ஆப்பு வைக்க வேண்டியதில்லை.

நினைவிடத்துக்குப் பக்கத்தில் பிரின்சஸ் பார்க்கில் தனியாகப் புது அருங்காட்சியகம் எழுப்பும் திட்டமும் போட்டியில் இருந்தது. அதற்கான வடிவமைப்பில் மும்பையின் சமீப் படோரா நிறுவனம் வென்றது. நினைவிடம் திறந்தபோது அது கூடவே வரவில்லை. வந்தால் டாங்கிக்கும் விமானத்துக்கும் இடம் கிடைக்கும், லிஃப்ட் கிடைக்கும், குளிரூட்டிய கிடங்கு கிடைக்கும். இரண்டையும் சுரங்கவழியால் இணைக்கும் யோசனையும் இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கல்லில் விரல் வைத்தவர் பத்து நிமிடத்தில் வரைபடத்துக்கும் வீடியோவுக்கும் முன்னால் போய் நிற்க வேண்டுமா? நடுவில் ஒரு ராத்திரி, குறைந்தது ஒரு மெட்ரோ பயணமாவது இருக்கட்டும்.

அதனால் என் ஓட்டு இது: பெயர்கள் அந்தப் பள்ளத்திலேயே இருக்கட்டும், அங்கே வேறெதையும் சேர்க்க வேண்டாம். கதை, கடிதம், காரணம், தகராறு எல்லாம் பாராக்குக்குப் போகட்டும். டாங்கிக்கு வேண்டுமானால் நகரத்துக்கு வெளியே ஒரு கொட்டகை.

எந்த இடத்தில் வைத்தாலும் 1987-க்கு ஒரு லேபிள் எழுத வேண்டுமே, அதுதான் எனக்கு உதைக்கிறது. ஒரு பேனலில் அறுபது, எழுபது வார்த்தைக்கு மேல் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். ஜூலையில் இலங்கையோடு ஒப்பந்தம், அக்டோபரில் புலிகளோடு சண்டை, 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல், நம் பக்கம் சுமார் 1,200 சிப்பாய்கள். அங்கே செத்த தமிழ்ச் சனங்களை எந்த வரியில் எழுதுவது? திரும்பி வந்த படையைச் சென்னைத் துறைமுகத்தில் வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகாததை எழுதுவதா, விடுவதா? வேலூர்ச் சிப்பாயும் யாழ்ப்பாணத்துக் கிழவியும் ஒரே மொழியில் பேசிக்கொண்டார்கள் என்பதை?

ஐ.என்.ஏ. கட்டடத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் சித்தப்பா தாழ்வாரப் படியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் குடித்தார். நான் கேட்காமலே பேச ஆரம்பித்தார்: ஒரு கிணறு, கிணற்றடியில் ஒரு அம்மா, "தம்பி, நீங்க தமிழா?" என்று அவள் கேட்டது, அதற்கு முதல் நாள் நடந்தது. போனை மடியில் வைத்து ரெக்கார்டரை அழுத்தினேன். அவர் அதைப் பார்த்தார், நிறுத்தச் சொல்லவில்லை. முப்பத்தெட்டு நிமிடம். நடுவில் ஓரிடத்தில் இரண்டு நிமிடத்துக்கு அவர் குரலே இல்லை. கிளிகளின் கத்தலும், தூரத்தில் வரிசையை ஒழுங்குபடுத்துகிற காவலரின் விசிலும் மட்டும் கேட்கின்றன.