ஊரில் எடுத்த ரத்தப் பரிசோதனையும் ட்ரைகிளிசரைடும்

வெளிநாட்டிலிருந்து லீவில் ஊருக்கு வந்தால் ஃபுல் பாடி செக்கப் எடுத்துவிடுவது நம்மில் பலருக்கு வழக்கம். காலையில் ரத்தம் கொடுத்தால் பெரும்பாலும் மாலையே ரிப்போர்ட் வந்துவிடுகிறது. ஆனால் விடுமுறை விருந்துகளில் முதலில் எகிறுவது ரத்தத்தில் ஓடும் ஒருவகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடுதான். வந்த வேகத்தில் லேபுக்குப் போகாதீர்கள். சாப்பாடு வழக்கத்துக்கு வந்து ஒரு வாரமாவது போகட்டும். முந்தைய சில நாட்கள் மது வேண்டாம். 10–12 மணி நேரம் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு ரத்தம் கொடுங்கள்.

ரிப்போர்ட்டில் அலகைப் பாருங்கள். லிட்டருக்கு மில்லிமோலில் (mmol/L) வந்ததை 88.5ஆல் பெருக்கினால் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் (mg/dL) கணக்கு வரும். கொலஸ்ட்ராலுக்கு உரிய 38.67ஐ இங்கே போட்டுக் குழம்புகிறவர்கள் நிறைய. மில்லிகிராம் கணக்கில் 150க்குள் இருந்தால் நல்லது, 200க்கு மேல் அதிகம், 500ஐத் தாண்டினால் கணைய அழற்சி பயம் வருகிறது. 400க்கு மேல் போனால், வழக்கமான சூத்திரத்தில் கணக்கிட்டுப் போடும் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) எண்ணை நம்ப முடியாது. நேரடியாக அளக்கச் சொல்லுங்கள்.

டாக்டரிடம் போகும்போது எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை), டிஎஸ்எச் (தைராய்டு), கிரியேட்டினின் (சிறுநீரகம்) முடிவுகளும் கையில் இருக்கட்டும். கட்டுக்கு அடங்காத சர்க்கரை, தைராய்டு குறைவு, சிறுநீரகக் கோளாறு எல்லாமே ட்ரைகிளிசரைடை ஏற்றும். ஸ்டீராய்டு, ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகளும் ஏற்றும். அவற்றை மறைக்காமல் சொல்லுங்கள்.

எடையில் 5–10 சதவீதம் குறைந்தாலே ட்ரைகிளிசரைடு சுமார் 20 சதவீதம் இறங்கும். இனிப்புப் பானம், பழச்சாறு, மது மூன்றையும் நிறுத்துவதுதான் பலருக்குப் பெரிய வித்தியாசம் காட்டும். எண்ணெயை மட்டும் குறைத்துவிட்டு மாவுச்சத்தை அள்ளிச் சாப்பிட்டால் எண் இறங்காது. மிஞ்சிய சர்க்கரையைக் கல்லீரல் கொழுப்பாக்கி ரத்தத்துக்கே அனுப்பும். 500க்கு மேல் உள்ளவர்களுக்கு மட்டும் கொழுப்பையும் நன்றாகவே குறைக்க வேண்டும்.

மருந்தில்தான் பயணிகள் அதிகம் தவறுகிறார்கள். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டினும் ட்ரைகிளிசரைடைக் குறைக்கும் ஃபெனோஃபைப்ரேட்டும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவதுண்டு. வெளிநாட்டில் எழுதிக்கொடுத்த ஸ்டாட்டினை ஏற்கெனவே விழுங்கிக்கொண்டிருந்தால் டோஸ் இரட்டிப்பாகிவிடும். அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரையும் மில்லிகிராமையும் போட்டோ எடுத்து இரண்டு டாக்டர்களுக்கும் காட்டுங்கள். ட்ரைகிளிசரைடுக்கான இன்னொரு மருந்தான ஜெம்ஃபைப்ரோசிலை ஸ்டாட்டினோடு சேர்ப்பது தசையைச் சிதைக்கலாம். கடை மீன் எண்ணெய் கேப்சூல் 1 கிராம் என்றாலும் பலவற்றில் ட்ரைகிளிசரைடைக் குறைக்கும் ஒமேகா 3 கொழுப்பு சுமார் 300 மில்லிகிராம்தான். மருந்தாகத் தரும் அளவோ தினம் 4 கிராம்.

மருந்து தொடங்கி 6–12 வாரத்தில் மறுபடி பரிசோதனை வேண்டும், அப்போது எந்த நாட்டில் இருந்தாலும் சரி. மேல்வயிற்று வலி முதுகு வரை பாய்ந்து வாந்தியும் வந்தால், அது கணைய அழற்சியாக இருக்கலாம்; டிக்கெட்டைத் தள்ளிப்போட்டாவது உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.