ஃபிளட்டரா, நேட்டிவா? மூன்று வருடப் பராமரிப்புக்குப் பிறகு

ஒரே செயலியை இரண்டு முறை எழுதியிருக்கிறேன். முதலில் ஃபிளட்டரில் (ஒரே நிரலிலிருந்து ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் செயலி தரும் கருவி), அப்புறம் நேட்டிவாக, அதாவது ஆண்ட்ராய்டுக்கென்றே கோட்லின் மொழியிலும் ஜெட்பேக் கம்போஸ் என்ற திரை வரையும் நூலகத்திலும். களப்பணியாளர்கள் பயன்படுத்தும் செயலி அது. பார்கோடை ஸ்கேன் செய்ய வேண்டும், படம் எடுக்க வேண்டும், நீளமான படிவத்தை நிரப்ப வேண்டும், ப்ளூடூத் பிரிண்டரில் ரசீது அடிக்க வேண்டும். சிக்னல் இல்லாத இடத்தில் எல்லாவற்றையும் போனிலேயே வைத்திருந்து, கிடைத்ததும் அனுப்ப வேண்டும். வேலை செய்பவர்கள் நாங்கள் இரண்டே பேர். பயனர்களில் பெரும்பாலோர் ஆண்ட்ராய்டு, கொஞ்சம் பேரிடம்தான் ஐபோன். என் சாய்வு நேட்டிவ் பக்கம். ஏன் என்பதை இந்தப் பின்னணியோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பாதிப் பயனர்கள் ஐபோனில் இருந்திருந்தால் கணக்கே வேறு.

எல்லோரும் முதலில் கேட்கும் விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வேகம்: 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேமை வரைய சுமார் 16.6 மில்லி செகண்ட் கிடைக்கிறது. படிவமும் பட்டியலுமாக இருக்கும் செயலிக்கு அந்த நேரம் இரண்டிலுமே தாராளம். மொழி: ஃபிளட்டரின் மொழியான டார்ட் தெரிந்தவர் கோட்லினுக்கு மாற ஓரிரு வாரம் போதும், மறுபக்கமும் அப்படியே. செயலியின் அளவு: ஃபிளட்டர் தன் எஞ்சினையும் சுமந்து வருவதால் சில எம்பி கூடும். என் பயனர்கள் யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

எழுதும் சுகத்தில் ஃபிளட்டர்தான் முன்னால். படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு இடைவெளியை மாற்றிச் சேமித்தால், அதே பக்கத்தில், நிரப்பிய விவரம் அப்படியே இருக்க, திரை மாறிவிடும். அந்த ஹாட் ரீலோடுக்குக் கை பழகிய பிறகு வேறு எதுவும் மெதுவாகத்தான் தெரியும். கம்போஸில் ப்ரிவியூவும் லைவ் எடிட்டும் உண்டு, ஆனால் எனக்கு அவை அந்த அளவு படியவில்லை. ஃபிளட்டரின் விட்ஜெட் டெஸ்ட்கள் எமுலேட்டர் இல்லாமலே சில நொடிகளில் ஓடிவிடுவதும் பெரிய வசதி. முதல் பதிப்பை 4 மாதத்தில் முடித்தோம். கோட்லின் பதிப்புக்கு, என்ன செய்யப்போகிறோம் என்று முழுசாகத் தெரிந்திருந்தும், 5 மாதம் ஆனது.

சரி, பிறகு ஏன் மாறினேன்? எழுதியது 4 மாதம், அதை உயிரோடு வைத்திருந்தது 3 வருடம். முடிவு அந்த 3 வருடத்தில்தான் உருவானது.

செயலியில் ஒரு வரிகூட மாற்றாமல் இருந்தாலும் வேலை தேடி வரும். ப்ளே ஸ்டோரில் 2024 ஆகஸ்ட் 31 முதல் புது அப்டேட்கள் ஏபிஐ 34-ஐ (ஆண்ட்ராய்டு 14) இலக்காக வைத்திருக்க வேண்டும் என்றார்கள், 2025 ஆகஸ்ட் 31 முதல் ஏபிஐ 35 (ஆண்ட்ராய்டு 15). அதோடு 2025 நவம்பர் 1 முதல், ஆண்ட்ராய்டு 15-ஐயும் அதற்கு மேலும் இலக்காக வைக்கும் செயலிகள் 16 கேபி நினைவகப் பக்கங்களில் (ஆண்ட்ராய்டு நினைவகத்தைப் பிரித்துக் கொடுக்கும் துண்டுகள்) ஓடியாக வேண்டும். ஆப்பிள் பக்கம் 2024 மே மாதம் பிரைவசி மேனிஃபெஸ்ட் (எந்தத் தரவை எதற்குத் தொடுகிறோம் என்று சொல்லும் ஃபைல்), 2025 ஏப்ரல் 24 முதல் எக்ஸ்கோட் 16 (ஆப்பிளின் செயலி உருவாக்கும் மென்பொருள்). இந்தக் கெடுக்களை எதில் எழுதியிருந்தாலும் சந்திக்க வேண்டும். நமக்கும் அந்தக் கெடுவுக்கும் நடுவில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

2024 கெடுவுக்காக ஃபிளட்டரை உயர்த்தினேன். அதற்கேற்ப கிரேடிலையும் (நிரலைச் செயலியாகக் கட்டும் கருவி) ஆண்ட்ராய்டு கிரேடில் ப்ளகினையும் 8-க்குக் கொண்டுபோனேன். இந்த 8-ம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு மாட்யூலும் தன் நேம்ஸ்பேஸை, அதாவது தன்னை அடையாளப்படுத்தும் பெயரை, பில்ட் ஃபைலிலேயே சொல்ல வேண்டும். அதற்கு முன்பு மேனிஃபெஸ்ட்டில் பேக்கேஜ் பெயர் இருந்தால் போதும். பில்டை ஓட்டினால், நேம்ஸ்பேஸ் குறிப்பிடப்படவில்லை என்று சிவப்பில் ஒரு வரி. எங்கள் மாட்யூலில் குறை இல்லை. பிரிண்டருக்காகச் சேர்த்திருந்த ஒரு ப்ளகினில் குறை, அதை எழுதியவர் 2 வருடமாக அந்தப் பக்கமே வரவில்லை. இலவசமாக எழுதிக் கொடுத்தவர், அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமையும் இல்லை.

சேர்க்க வேண்டியது ஒரே வரி, ஆனால் அந்த ஃபைல் எங்களுடையது இல்லை. அவசரத்தில் பப் கேஷுக்குள் (இறக்கிய பேக்கேஜ்கள் கணினியில் இருக்கும் இடம்) போய் அந்த வரியைச் சேர்த்தேன், பில்ட் ஓடியது. மாலையில் கூட வேலை செய்பவர் கூப்பிட்டார்: "நீங்க ஓடுதுன்னு சொன்னீங்க, எனக்கு அதே எரர் வருதே?" திருத்தம் என் கணினியின் கேஷில் மட்டும்தானே இருந்தது. பிறகு மூல பில்ட் ஃபைலில், நேம்ஸ்பேஸ் இல்லாத துணைத் திட்டங்களுக்கெல்லாம் அதைச் சேர்க்கும்படி சில வரிகள் எழுதிப் பார்த்தோம். அடுத்து அதே ப்ளகினில் ஜாவா பதிப்புப் பொருத்தம் உடைந்தது. கடைசியில் ப்ளகினையே ஃபோர்க் செய்து, அதாவது எங்களுக்கென்று நகலெடுத்து வைத்துக்கொண்டோம். நாங்கள் எழுதாத ஜாவா நிரலுக்கு அன்றிலிருந்து நாங்களே காவல்.

சேர்த்த பேக்கேஜ்களைப் பட்டியலிடும் பப்ஸ்பெக் ஃபைலைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். நேரடியாகச் சேர்த்தவை 31 பேக்கேஜ்கள், அவற்றில் 12-க்குள் ஆண்ட்ராய்டு நிரலும் ஐஓஎஸ் நிரலும் இருந்தன. முழுக்க டார்ட்டில் எழுதிய பேக்கேஜ்கள் அவ்வளவு தொல்லை தந்ததில்லை. 2021-ல் டார்ட்டில் நல் சேஃப்டி (காலி மதிப்பால் வரும் பிழைகளைத் தடுக்கும் விதி) வந்து, 2023-ல் டார்ட் 3 பழைய பேக்கேஜ்களை ஏற்க மறுத்தபோது மட்டும் ஒரு வாரம் போனது. தொல்லை அந்த 12-ல்தான். ஆண்ட்ராய்டு மாறும், ஃபிளட்டர் அதற்கேற்ப மாறும், ப்ளகின் எழுதியவர் மாற்றுவார், அதன் பிறகுதான் நம் முறை. நடுவில் ஒருவர் விட்டுவிட்டால் வேலை நம் தலையில்.

கோட்லின் பதிப்பில் கேமராவுக்கு கேமராஎக்ஸ், சேமிப்புக்கு ரூம், பிறகு அனுப்புவதற்கு வொர்க்மேனேஜர். மூன்றும் ஆண்ட்ராய்டை எழுதுகிறவர்களே பராமரிக்கும் நூலகங்கள். ப்ளூடூத்தை நேரடியாக ஆண்ட்ராய்டின் ஏபிஐ மூலமே கூப்பிடுகிறேன், அந்த வகுப்பு முந்நூறு வரிகூட வராது. கம்போஸ் நூலகங்களின் பதிப்புகளை பிஓஎம் என்ற ஒரே எண் பார்த்துக்கொள்கிறது.

2025-ல் இந்தப் பதிப்போடு ஏபிஐ 35-க்குப் போனேன். ஆண்ட்ராய்டு 15-ல் திரை முழுவதும் விளிம்பு வரை வரையப்படும் என்பதால், எங்கள் "சேமி" பட்டன் கீழே நேவிகேஷன் பாருக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. கம்போஸின் திரைச் சட்டகமான ஸ்கேஃபோல்ட் தரும் இடைவெளியைச் சில திரைகளில் நான் பயன்படுத்தாமல் விட்டிருந்தேன். அதைச் சரிசெய்ய ஒன்றரை நாள். இது ஃபிளட்டரில் இருந்திருந்தாலும் சேஃப் ஏரியா விட்ஜெட்டோடு இதே அளவு வேலைதான், அதில் நேட்டிவுக்கு மதிப்பெண் தர மாட்டேன். 16 கேபி விஷயத்தில் தருவேன். கோட்லினில் எழுதிய நிரலுக்கு அங்கே ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, சி, சி++ வழியாக வரும் எஸ்ஓ ஃபைல்களைத்தான் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் ஏபிகே அனலைசரில் திறந்தால் எந்த ஃபைல் பொருந்தவில்லை என்று காட்டிவிடுகிறது. எங்களிடம் இரண்டு இருந்தன. இரண்டுக்கும் பதிப்பு எண்ணை மாற்றினேன், முடிந்தது.

நேட்டிவ் பக்கமும் அடிக்கடி இடித்துக் கட்டுகிறார்கள் என்பதை மறைக்கக் கூடாது. 2018-ல் சப்போர்ட் லைப்ரரியிலிருந்து ஆண்ட்ராய்டுஎக்ஸுக்கு எல்லோரையும் மாற்றினார்கள். ஏசிங்க்டாஸ்க் ஆண்ட்ராய்டு 11-ல் கைவிடப்பட்டது. 2024-ல் கோட்லின் 2.0 வரும்வரை கம்போஸ் கம்பைலருக்கும் கோட்லினுக்கும் எந்தப் பதிப்பு எதோடு சேரும் என்று அட்டவணை பார்த்துத்தான் எண் போட வேண்டியிருந்தது. ஆனால் அந்த மாற்றங்களோடு வழிகாட்டியும் மாற்றித் தரும் கருவியும் பெரும்பாலும் சேர்ந்தே வந்தன. யாருக்கு எழுதிக் கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்க நேரவில்லை.

பராமரிப்புக்கு அடுத்தபடியாக என்னை நேட்டிவ் பக்கம் இழுத்த விஷயம், அது எனக்குக் கற்றுக்கொடுத்தது. ஃபிளட்டர் பதிப்பு வெளியான புதிதில், படம் எடுத்துவிட்டுத் திரும்பினால் படிவம் காலியாக இருக்கிறது என்று புகார் வந்துகொண்டே இருந்தது. எங்கள் போன்களில் அப்படி ஆகவே இல்லை. மூன்று வாரம் கழித்துத்தான் புரிந்தது: அவர்களுடைய போன்களில் ராம் குறைவு. கேமரா திறந்ததும் ஆண்ட்ராய்டு எங்கள் செயலியைப் பின்னணியிலேயே முடித்துவிடுகிறது. இமேஜ் பிக்கர் ப்ளகினின் ஆவணத்திலேயே இதற்கென்று ரிட்ரீவ் லாஸ்ட் டேட்டா என்ற வழியைச் சொல்லியிருந்தார்கள். நான் அந்தப் பத்தியைத் தாண்டிப் போயிருக்கிறேன். கோட்லினில் எழுத ஆரம்பித்ததும் நிரப்பியதைக் காத்துவைக்கும் சேவ்டு ஸ்டேட் ஹேண்டில், ரிமெம்பர் சேவபிள் என்று முதல் வாரத்திலேயே இந்தக் கேள்வி எதிரில் வந்து நிற்கிறது. ஆண்ட்ராய்டு எப்போது வேண்டுமானாலும் நம்மைக் கொல்லும் என்ற எண்ணத்தோடேயே திரையை வடிவமைக்கப் பழகினேன். ஃபிளட்டரிலும் ரெஸ்டோரேஷன் வசதி உண்டு, தேடிப் போகிறவருக்குக் கிடைக்கும். நான் தேடிப் போகவில்லை.

எதில் எழுதினாலும் இதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. போனின் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் "டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்" (திரையை விட்டு விலகியதும் அதை அழித்துவிடும் அமைப்பு) என்பதைப் போட்டுவிட்டு, ஒரு நாள் முழுக்க உங்கள் செயலியைப் பயன்படுத்திப் பாருங்கள். அந்த ஒரு நாளில் நான் ஏழு பிழைகளைக் கண்டுபிடித்தேன்.

பிழைகள் கண்ணில் படுவதிலும் ஒரு வித்தியாசம் உண்டு. கோட்லினில் பிடிக்கப்படாத எக்ஸெப்ஷன் வந்தால் செயலி விழுந்துவிடும், ப்ளே கன்சோலில் அது க்ராஷாகப் பதிவாகும். பயனர் உணரும் க்ராஷ் விகிதம் 1.09 சதவீதத்தையோ ஏஎன்ஆர் (செயலி பதில் தராமல் உறைந்துபோவது) விகிதம் 0.47 சதவீதத்தையோ தாண்டினால் ஸ்டோரில் நம் செயலி கண்ணில் படுவதே குறையலாம் என்பதால் அதை யாரும் அலட்சியம் செய்ய மாட்டார்கள். டார்ட்டில் அதே பிழை வந்தால் செயலி பெரும்பாலும் விழாது. ரிலீஸ் பதிப்பில் அந்த இடத்தில் ஒரு சாம்பல் பெட்டி தெரியும், இல்லையென்றால் பட்டன் பேசாமல் இருக்கும். கன்சோல் வரைபடம் சுத்தமாக இருக்கும், பயனர் மட்டும் தவித்துக்கொண்டிருப்பார். ஃபிளட்டரில் எழுதுபவர்கள் ஃபிளட்டர் எரர், பிளாட்ஃபார்ம் டிஸ்பேட்சர் இரண்டின் ஆன்எரரையும் முதல் நாளே பிழைகளைச் சேகரிக்கும் க்ராஷ்லிட்டிக்ஸோடு இணைத்துவிடுங்கள். நாங்கள் அதை எட்டாவது மாதத்தில் செய்தோம். இணைத்த அன்றைக்கே பட்டியல் நீண்டது.

ஃபிளட்டரிலேயே இருக்கப் போகிறவர்களுக்கு, நான் தாமதமாகச் செய்த இரண்டு வேலைகளைச் சொல்ல வேண்டும். நேட்டிவ் நிரல் உள்ள எந்தப் ப்ளகினையும் திரைகளிலிருந்து நேரடியாகக் கூப்பிடாதீர்கள். "பிரிண்டர்" என்று நீங்களே ஒரு இடைமுகம் எழுதி, ப்ளகினை அதற்குப் பின்னால் வையுங்கள். ஃபோர்க்குக்கு மாறியபோது 14 ஃபைல்களைத் தொட வேண்டி வந்தது, இடைமுகம் இருந்திருந்தால் ஒன்றோடு போயிருக்கும். இன்னொன்று, மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் திங்கள்தோறும் சிஐயில் (தானாகக் கட்டிச் சோதிக்கும் சேவை) புதுக் கேஷோடு ஒரு பில்ட் ஓடட்டும், கூடவே பழசாகிப்போன பேக்கேஜ்களைக் காட்டும் பப் அவுட்டேட்டடும். உடைந்தது ஆகஸ்ட் கடைசி வாரத்தில் தெரிவதும் மார்ச்சில் தெரிவதும் ஒன்றில்லை.

ஃபிளட்டரைப் போலவே ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் சேர்த்து எழுத உதவும் ரியாக்ட் நேட்டிவைப் பற்றி என்னிடம் அதிகம் இல்லை. வேறொருவர் எழுதிய ஒரு செயலியில் 6 மாதம் பிழை திருத்தியிருக்கிறேன், அவ்வளவுதான். 2024 அக்டோபரில் வந்த 0.76 பதிப்பில் புதிய கட்டமைப்பு இயல்பாகவே இயங்கத் தொடங்கியது. அப்போது பழைய நேட்டிவ் மாட்யூல்கள் சில சண்டை போட்டதை அருகிலிருந்து பார்த்தேன். எந்தப் பதிப்பிலிருந்து எதற்குப் போனால் எந்த ஃபைலில் எந்த வரி மாறும் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் அப்கிரேட் ஹெல்ப்பர் மிக நல்ல கருவி. அதன் மேல் கட்டிய எக்ஸ்போ என்ற கருவித்தொகுப்போடு ஆரம்பித்தால் இந்தச் சுமை குறையும் என்கிறார்கள், நான் பார்த்த திட்டம் எக்ஸ்போவில் இல்லை. கோட்லின் நிரலை ஐபோனிலும் பயன்படுத்த உதவும் கோட்லின் மல்டிபிளாட்ஃபார்ம் 2023 நவம்பரிலேயே நிலையான பதிப்புக்கு வந்துவிட்டது. தரவு அனுப்பும் பகுதியை மட்டும் அதற்கு மாற்றி ஒரு கிளையில் வைத்திருக்கிறேன், இன்னும் யார் கைக்கும் கொடுக்கவில்லை.

ஐபோன் பயனர்கள் இன்றைக்கும் பழைய ஃபிளட்டர் பதிப்பில்தான் இருக்கிறார்கள். ஸ்விஃப்டில் நான் எழுதியது பயிற்சிக்கு இரண்டு சிறு செயலிகள் மட்டும், அந்த அனுபவத்தை வைத்து இதை மாற்றி எழுதத் துணியவில்லை. ஐபோனில் ரசீது அடிப்பதில்லை என்பதால் பிரிண்டர் ப்ளகினையும், தேவைப்படாத வேறு சிலவற்றையும் அதிலிருந்து எடுத்துவிட்டோம், நேட்டிவ் நிரல் உள்ள பேக்கேஜ்கள் 12-லிருந்து 5-ஆகக் குறைந்தன. அதன் பிறகு எக்ஸ்கோட் 16-க்கு மாற ஒரு மதியம்தான் ஆனது.