சிசேரியன் தேதி குறித்த பிறகும் டூலா வேண்டுமா? தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு விமர்சனம்

கொடுத்த பணம் வீணாகவில்லை. சிசேரியன்தான் என்று உறுதியான பிறகும் வீணாகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தெருவிலும் அலுவலகத்திலும் விசாரித்தவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி இந்தக் கேள்விக்குத்தான் வந்தார்கள். அறுவை செய்யப்போவது மருத்துவர், முதுகில் ஊசி போடப்போவது மயக்கவியல் மருத்துவர், தேதியும் கையில் இருக்கிறது. வலியெடுத்துத் துடிக்கும் நேரமே இல்லாத பிரசவத்துக்கு 28,000 ரூபாய் கொடுத்து ஒரு டூலா எதற்கு? நியாயமான கேள்வி. ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது.

டூலா என்பவர் பிரசவத் துணை. மருத்துவரும் அல்லர், செவிலியரும் அல்லர். உள்பரிசோதனை செய்யமாட்டார், மருந்து தரமாட்டார். கர்ப்ப காலத்திலும் பிரசவத்தின்போதும் அதன்பின் சில வாரங்களும் தாயின் பக்கத்தில் இருப்பார். நடப்பதை விளக்குவார், உடம்புக்கு இதம் தேடித் தருவார், கேட்கவேண்டியதைக் கேட்கத் தைரியம் கொடுப்பார். நம் நாட்டில் இந்தத் தொழிலுக்கு அரசுப் பதிவு கிடையாது. அதனால் பேசிப் பார்த்து, ஆளை எடைபோட்டுத்தான் அமர்த்தவேண்டும்.

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில். நான் பாரிமுனையில் ஒரு சரக்கு முகவர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். கணவருக்கு மணலியில் ஷிப்ட் வேலை. அம்மா காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்கிறார், ஏலத்துக்காக விடியற்காலை 3 மணிக்கே கிளம்பிவிடுவார். இது எங்களுக்குத் தலைச்சன் குழந்தை. இருபதாவது வாரத்து ஸ்கேனில் நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி, கீழே இருப்பதாகச் சொன்னார்கள், கர்ப்பப்பை வாயை ஒட்டி. பெரும்பாலும் இது தானாகச் சரியாகிவிடும், கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி விரிய விரிய நஞ்சும் மேலே போய்விடும், 32ஆவது வாரத்தில் மறுபடி பார்க்கலாம் என்றார் மருத்துவர். போகாவிட்டால் சிசேரியன். அந்த இரண்டுங்கெட்டான் காலத்தில், இரவில் நான் தனியாகப் படுத்திருக்கும் வீட்டில், என்ன நடந்தால் என்ன செய்வது என்று எனக்கு ஒழுங்காகச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் டூலாவைத் தேடினேன்.

தேடும்போதே ஒன்று புரிந்தது. இந்தச் சேவை ஏறக்குறைய முழுவதும் அடையாறு, வேளச்சேரிப் பக்கத்துக்கானது. தண்டையார்பேட்டை என்றதும் சிலர் தயங்கினார்கள், சிலர் பயணச் செலவைத் தனியாகக் கேட்டார்கள். ஒருவர், மனதை உறுதியாக வைத்துக்கொண்டு குறிப்பிட்ட ஆசனங்களைச் செய்தால் நஞ்சு மேலேறிவிடும், சிசேரியனைத் தவிர்த்துவிடலாம் என்றார். அவரிடம் அதற்குமேல் பேசவில்லை. நஞ்சு கீழே இருக்கும் பெண்ணிடம் இப்படிச் சொல்வது ஆபத்து. நஞ்சு கர்ப்பப்பை வாயை மூடிக்கொண்டிருக்கும்போது சுகப்பிரசவத்துக்கு முயன்றால் இரத்தப்போக்கில் தாயும் பிள்ளையும் போய்விடக்கூடும்.

நான் அமர்த்திய அக்காவின் பெயரை இங்கே எழுதவில்லை. முதல் சந்திப்பில் அவர் சொன்னது இது: "நஞ்சு மேலே போவதும் போகாததும் உங்கள் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. இரண்டுக்கும் தயாராக இருப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது." அடுத்து அவர் பேசியது இரத்தப்போக்கைப் பற்றி. வலியே இல்லாமல் சிவப்பாக இரத்தம் பட்டாலும், அது கொஞ்சமாக இருந்தாலும், நேராக மருத்துவமனைக்குப் போகவேண்டும். தனக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டு நிற்கக்கூடாது, வழியில் போகும்போது சொன்னால் போதும் என்றார். தன்னைவிட மருத்துவமனையை முதலில் வைத்த அந்தப் பேச்சில்தான் முன்பணம் கொடுக்க முடிவுசெய்தேன்.

மருத்துவமனை பெரம்பூர்ப் பக்கம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிக்கிடந்தால் எந்த வழி, கன்டெய்னர் லாரிகள் நெருக்கும் ராத்திரியில் எந்த வழி என்று என் கணவரிடம் கேட்டு, கேட்டைத் தொடாமல் பேசின் பிரிட்ஜ் வழியாகப் போகும் பாதையை இரவு நேரத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். கணவர் வேலையில் இருக்கும் இரவுகளுக்குப் பக்கத்துத் தெரு ஆட்டோக்காரர் அண்ணனின் எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டவைத்தார். கையிருப்பு இரத்தம் தேவைப்படலாம் என்பதால், என் இரத்த வகைக்காரர்கள் உறவில் யார் யார் என்று முன்பே பட்டியல் எடுக்கச் சொன்னார். இவற்றில் எதுவும் பெரிய வித்தை இல்லை. ஆனாலும் வீட்டில் யாரும் எடுத்துச் செய்யாத வேலைகள் இவை.

விளம்பரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. டூலா சேவைகளின் பக்கங்களில் எல்லாம் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2017ஆம் ஆண்டுத் தொகுப்பைக் காட்டுவார்கள். 26 ஆய்வுகள், 15,000க்கும் மேற்பட்ட பெண்கள். தொடர்ந்து ஒரு துணை இருந்தவர்களுக்குச் சிசேரியன் குறைந்தது, பிரசவ நேரம் சற்றுச் சுருங்கியது என்பது அதன் முடிவு. உண்மைதான். ஆனால் அது வலியெடுத்துப் பிரசவிக்கும் பெண்களைப் பற்றியது. கர்ப்பப்பை வாயில் நஞ்சு உட்கார்ந்திருக்கும் ஒருத்திக்கு அந்தக் கணக்கைக் காட்டி விற்பது சரியில்லை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 2019-21இல் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன், தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 63.8 சதவீதம். இந்த ஊரில் சிசேரியனுக்குத் துணை நிற்கத் தெரியாத டூலா, பாதிப் பெண்களைக் கைவிட்டவர் ஆகிறார்.

எங்கள் அக்காவின் குழு வகுப்புகளிலும் இந்தக் குறை இருந்தது. மூச்சுப் பயிற்சி, வலி வரும்போது நிற்கும் நிலைகள், சுகப்பிரசவக் கதைகள் என்றே போயின. ஒருநாள் இணையவழி வகுப்பில் வேறொரு பயிற்சியாளர், இயற்கையாகப் பெற்றெடுப்பதே பெண்ணின் வெற்றி என்றார். கேட்டுக்கொண்டிருந்த என் போன்றவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. நான் அக்காவிடம் நேரடியாகச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, மீதி வகுப்புகளுக்குப் பதிலாக எனக்குத் தனியாக அறுவையைப் பற்றியே சொல்லித் தந்தார். ஆனாலும் அந்த வகுப்புகள் கட்டணத்தில் அடங்கியவை, அவற்றை மாற்றியாகவேண்டும். இன்னொரு குறை: கொடுத்த தாள்கள் எல்லாம் ஆங்கிலத்தில். இரவில் என் பக்கத்தில் இருக்கப்போவது அம்மா, அவருக்குத் தமிழ்தான் படிக்கத் தெரியும். கேட்டபிறகே தமிழில் எழுதிக் கொடுத்தார். வடசென்னைக்கு வந்து வேலை செய்கிறவர் அதைக் கேட்காமலே கொண்டுவரவேண்டும்.

32ஆவது வாரத்திலும் நஞ்சு நகரவில்லை, 36இலும் அப்படியே. 37ஆவது வாரத்தில் அறுவை என்று நாள் குறித்தார்கள். அன்று மாலையே அக்கா கணக்கைத் திருத்தினார். ராத்திரி பகல் பாராமல் அழைப்புக்குக் காத்திருப்பதற்கான தொகை இனி முழுவதும் தேவையில்லை என்று சொல்லி, அதைப் பிரசவத்துக்குப் பிந்தைய வருகைகளாக மாற்றிக் கொடுத்தார். ஒப்பந்தத் தாளில் இதற்கு இடமே இல்லை, அவருடைய நல்ல மனதால் நடந்தது. நீங்கள் அமர்த்தும்போது இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவருக்கு உடம்பு முடியாவிட்டால் மாற்று ஆள் யார் என்பதையும் சேர்த்து. கிண்டியிலிருந்து அக்கா எங்கள் வீட்டுக்கு மெட்ரோவில் ஒரே வண்டியில் வந்துவிடலாம், 2021இல் விம்கோ நகர் வரை பாதை நீண்டதால் கிடைத்த வசதி. ஆனால் நள்ளிரவில் மெட்ரோ ஓடாது.

மருத்துவரிடம் கேட்பதற்கு ஒரே ஒரு பக்கம் தயாரித்தோம். குழந்தைக்கும் எனக்கும் பிரச்சினை இல்லையென்றால் தொப்புள்கொடியைக் கவ்வுமுன் ஒரு நிமிடமாவது பொறுக்க முடியுமா, குழந்தையை அறுவை அரங்கிலேயே என் மார்பில் போட முடியுமா, ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்க வழி உண்டா, கணவர் உள்ளே வரலாமா. மருத்துவர் பொறுமையாகப் படித்தார். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் ஒப்புக்கொண்டார். இரத்தப்போக்கைப் பொறுத்துத்தான் இரண்டாவது என்றார். உள்ளே ஒருவருக்குத்தான் இடம், அதுவும் கணவருக்கு மட்டும். டூலாவுக்கு அனுமதி இல்லை. வரவேற்பு மேசையில் முன்பு கேட்டபோது வரலாம் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

மாமியார் ஜோசியரிடம் நல்ல நேரம் குறித்து வந்திருந்தார், மாலை 5 மணிக்குப் பிறகு. மருத்துவருக்குக் காலையில் முதல் அறுவையாகச் செய்யவேண்டும், இரத்த வங்கியும் எல்லா மருத்துவர்களும் கையெட்டும் தூரத்தில் இருக்கும் நேரம். அக்கா நடுவில் நுழையவில்லை. மருத்துவரையே அத்தையிடம் நேராகப் பேசச் செய்யுங்கள் என்று மட்டும் என்னிடம் சொன்னார். பேசினார்கள், அத்தை ஒப்புக்கொண்டார்.

அறுவையன்று அக்கா உள்ளே வராவிட்டாலும் அவர் சொன்னவை வந்தன. முதுகில் ஊசி போடும்போது முதுகை வளைத்து, முகவாயை நெஞ்சில் வைத்து, தோள்களைத் தளர்த்தி உட்கார வேண்டும் என்று வீட்டில் தலையணையைக் கட்டிக்கொண்டு பழகியிருந்தேன். ஊசிக்குப் பிறகு கால்கள் சூடாகி மரத்துப்போகும், வலி இருக்காது, ஆனால் இழுப்பதும் அழுத்துவதும் தெரியும் என்பது தெரிந்திருந்தது. பற்கள் அடித்துக்கொள்ளும் அளவுக்கு நடுக்கம் வந்தது, அதுவும் வரக்கூடியதுதான் என்று முன்பே தெரியும் என்பதால் நான் பயப்படவில்லை. கணவர் தலைமாட்டில் உட்கார்ந்து, அவருக்குச் சொல்லித் தந்தபடியே, நடப்பதை மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சில நிமிடங்களில் பெண் குழந்தை. தையல் போட்டு முடிப்பதற்குத்தான் அதிக நேரம் ஆனது. இரத்தப்போக்கு கொஞ்சம் கூடுதலாக இருந்ததால் மார்பில் போடவில்லை, கன்னத்தோடு கன்னம் வைத்தார்கள்.

பணத்துக்கு உரிய வேலை அதன்பிறகுதான் தொடங்கியது. கண்காணிப்பு அறைக்கு வெளியே அக்கா காத்திருந்தார். ஒரு கையில் டிரிப், இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, திரும்பவும் முடியாது. அந்த நிலையில் செவிலியரின் அனுமதியோடு குழந்தையை என் தோள்பக்கமிருந்து மார்புக்குக் கொண்டுவந்து பிடித்துக்கொண்டார், வயிற்றில் பாரம் படவில்லை. சீம்பால் அந்த முதல் மணி நேரத்துக்குள் குழந்தைக்குப் போனது. அழுதால் பால்பவுடர் கொடுத்துவிடலாமே என்று ஒருவர் சொன்னபோது அக்கா வாதாடவில்லை, "இன்னும் கொஞ்சம் முயன்று பார்க்கிறோம், மருத்துவர் வேண்டும் என்றால் கொடுத்துவிடலாம்" என்றார்.

அம்மாவை அவர் நடத்திய விதத்துக்கே தனியாக நன்றி சொல்லவேண்டும். நான் இருக்கும்போது கூலிக்கு ஒரு துணையா என்ற வருத்தம் அம்மாவுக்கு இருந்தது. குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைக்க விரும்பினார். ஆறு மாதம் தாய்ப்பால் தவிர எதுவும் கூடாது என்பதை அக்கா சொல்லிவிட்டு, உடனேயே அம்மா செய்யவேண்டிய வேலைகளை அவரிடம் ஒப்படைத்தார். நான் எழும்போது முதலில் பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி எழவைக்கவேண்டும். இருமல் வந்தால் தையல் மேல் தலையணையை அழுத்திப் பிடிக்கவேண்டும். வாயு வயிற்றை முறுக்கும்போது படுக்கவிடாமல் நடக்கவைக்கவேண்டும். அம்மா இவற்றை என்னைவிட நன்றாகக் கற்றுக்கொண்டார். வழக்கமான சாப்பாட்டுக்கு மருத்துவர் அனுமதித்ததும் காசிமேட்டிலிருந்து பால் சுறா வந்தது, பூண்டு நிறையப் போட்ட சுறாப்புட்டு. அக்காவும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

யாருக்கு இது தேவையில்லை? பிள்ளை பெற்ற, பதற்றப்படாத ஒரு அக்காவோ சித்தியோ முழுநேரமும் கூட இருக்க முடிந்தால் இந்தப் பணத்தைச் சேமிக்கலாம். அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறையில் ஒரு பெண் துணை இருக்கலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016இலேயே அனுமதித்திருக்கிறது, அதற்குக் கட்டணம் கிடையாது. சிசேரியனைத் தடுத்துவிடுவார் என்று நம்பி அமர்த்துவதாக இருந்தால் வேண்டாம்.

அமர்த்துவதென்றால், அறுவை அரங்குக்குள் யார் வரலாம் என்பதை வரவேற்பில் கேட்காதீர்கள். உங்கள் மருத்துவரிடமும் அரங்கின் பொறுப்புச் செவிலியரிடமும் கேட்டு, கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். உள்ளே இடமில்லை என்றால், கண்காணிப்பு அறைக்குள் எப்போது வர அனுமதிப்பார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.